கக்கூஸ் சுவருக்குப் பின்னாலை மரம் இருக்கு எண்டு அண்ணை சொன்னவர்

மார்ச் 10, திங்கள்

காலமை தொடக்கம் உறைமழை. பியர்பொன்ட்ஸ் பஸ் வழக்கம்போல பிந்தி. சின்னப்பிள்ளையளைப் பாக்கிற கார்டெரிக்கு, என்ரை சமையல் வேலைக்குப் போய்ச் சேரேக்க பிள்ளையளின்ரை சூப்புக்குக் கரட் கூட வெட்டேல்லை.

மத்தியானம் ஆஸ்பத்திரியிலை இருந்து போன். இவரை வெள்ளிக்கிழமை விடுகினம். பனியிலை சறுக்கி விழுந்து இடுப்பு முறிஞ்ச மனிசன், நடைவண்டியோடை வீட்டை வாறார். சந்தோசப்பட முதல் அந்தப் பிசியோ பிள்ளை கேட்டாள்: கக்கூசிலை பிடிகம்பி பூட்டியாச்சோ? மரச்சட்டத்துக்கு மேலை அடிச்ச வெறும் மட்டைச் சுவரிலை பூட்டக்கூடாதாம், உள்ளுக்கை நிக்கிற மரத்திலை இறுக்கோணுமாம். இல்லாட்டி கம்பியோடை ஆளும் விழுமாம். இன்னொருக்கா விழுந்தால் அந்த இடுப்பு பொருந்தாதாம்.

எனக்குப் பயமில்லை. கீழ் கக்கூஸ் என்ரை அண்ணை கட்டினது. தண்ணி ஒழுகிச் சுவர் ஊறிப்போனாப்பிறகு, முழுக்கக் கழட்டிப் புதுசா அடிச்சவர். அப்பவே சொன்னவர், "பிள்ளை, குறுக்காலை தடிப்பான பலகை வைச்சிருக்கிறன். வயது போன காலத்திலை கம்பி பூட்டலாம். ஆனை தொங்கினாலும் அசையாது." ஊர் முழுக்க அதைச் சொல்லித் திரிஞ்சனான் நான்.

பின்னேரம் அண்ணைக்கு எடுத்தன். டொரொண்டோவிலை வேலையாம். "அவசரப்படாதை, ஞாயிறு வந்து நானே பூட்டிறன்." வெள்ளி எண்டு சொன்னன். "ரண்டு நாள் பொறுக்க மாட்டாரோ மனிசன்?" எண்டார். கக்கூஸ் பொறுக்குமோ அண்ணை?

நானே பூட்டப் போறன். மரம் எங்கை நிக்குது எண்டு கண்டுபிடிக்கிற மிசின் ஒண்டு இருக்காம், ஸ்டட் பைண்டர். மலிவா ஒண்டு பாக்கோணும்.

மார்ச் 11, செவ்வாய்

குளிர், காத்து. கம்பி வேண்டியாச்சு. பால், வெங்காயம் மறந்திட்டன்.

கீதாவிட்டை கேட்டன். எங்கடை குசினியிலை என்னோடை வேலை செய்யிற சென்னைப் பிள்ளை. போனை நோண்டிப்போட்டு, "அக்கா, மேக்னட் டைப் போதும். பேட்டரி கூட வேணாம். மரத்துல அடிச்ச ஸ்க்ரூவ புடிச்சுக்கும், அவ்ளோதான்" எண்டாள். இருக்கிறதிலை அதுதான் மலிவு. எனக்கும் அது பிடிச்சுது, வாற வழியிலை வேண்டினன்.

சின்னன், தீப்பெட்டி அளவு. முதல் ஹோல் சுவரிலை பாத்தன். டக்கெண்டு ஒட்டிச்சு. அதுக்கு மேலையும் ஒட்டிச்சு, கீழையும் ஒட்டிச்சு, நேர் கோட்டிலை. இந்த வயதிலை சுவரிலை காந்தம் ஓடவிட்டு விளையாடினன், ஆரும் பாக்கேல்லை.

கக்கூசிலை மூலையிலை மட்டும் ஒட்டுது. நடுவிலை ஒண்டுமில்லை. வழுக்கி வழுக்கிக் கீழை விழுகுது.

மலிவுச் சாமான் எண்டால் இப்பிடித்தான்.

மார்ச் 12, புதன்

வெயில், ஆனால் பொய் வெயில்.

கடையிலை அரை மணித்தியாலம் நிண்டன். எல்லாம் மஞ்சள், எல்லாம் ஒரே மாதிரி. பாத்தது:
– மரத்தின்ரை கரையை மட்டும் காட்டிறது. மலிவு. நடுவை நாங்கள்தான் கணிக்கோணும்.
– நடுவை நேராக் காட்டிறது. கொஞ்சம் கூட.
– கரன்ட் வயரையும் காட்டிறது. நல்லது, வயரிலை துளைச்சுச் சாகத் தேவையில்லை.
– படம் காட்டிற திரை வைச்சது. விலையைப் பாத்திட்டு வைச்சிட்டன், நான் என்ன மாளிகையோ கட்டிறன்?

மூண்டாவதை எடுத்தன். சதுர பேட்டரி தனிய வேண்டோணும். புதுப் பேட்டரி போடு, சுவரிலை அழுத்திப் பிடிச்சு முதல் சத்தம் வருமட்டும் பொறு, பேந்து மெல்ல இழு. அவசரப்பட்டால் பிழையாக் காட்டுமாம்.

ஹோலிலை கீங்... கீங்... நல்லாச் சொல்லுது. மாடிப்படியிலையும் சொல்லுது. கக்கூசிலை ஊமை. மூலையிலை ஒருக்கா கீங், அவ்வளவுதான். பேட்டரியை மாத்தினன். மேல், கீழ், இடம், வலம். வாயே திறக்குதில்லை.

அண்ணைக்கு எடுத்தன். சிரிச்சார். "உந்த மலிவு மிசினுகள் எல்லாம் பொய் சொல்லும். ஈரம் வராத மட்டை, தடிப்பு. அதுதான் காட்டுதில்லை."

"உண்மையா மரம் வைச்சனீங்கள்தானே அண்ணை?"

"அம்மாவாணை வைச்சனான்."

எனக்கு வெக்கமாப் போச்சு. கூடப்பிறந்தவரைச் சத்தியம் பண்ண வைச்சிட்டன், ஒரு மிசினுக்காக.

மார்ச் 13, வியாழன்

தூறல். தெருவெல்லாம் சேறு.

மிசினைத் திருப்பிக் குடுக்கப் போனன். பழுது எண்டன். கடைப் பொடியன் வாங்கித் தங்கடை சுவரிலை வைச்சான். கீங். "சா மார்ஷ், மடாம்," வேலை செய்யுதெல்லோ எண்டான். "உங்கடை சுவரிலை செய்யும், என்ரை சுவரிலை செய்யாது" எண்டன், எனக்குத் தெரிஞ்ச பிரெஞ்சிலை. ஒரு மாதிரிப் பாத்தான். எனக்கே விளங்கேல்லை நான் என்ன சொல்லிறன் எண்டு. அதை எடுத்துக்கொண்டு, விளக்கு வரிசையா எரியிற வேறை ஒண்டு தந்தான். மலிவு விற்பனையிலை போட்டிருந்துது. சுவரிலை வைச்சு அமத்தினால் போதும், மரம் உள்ள இடத்திலை விளக்கு எரியும். என்னைப்போல அவசரக்காரருக்கு உதுதான் திறம், முதலே உதை எடுத்திருக்கோணும்.

ஹோலிலை பளிச். கக்கூசிலை இருட்டு.

இவருக்கு எடுத்துச் சொன்னன். "உந்த மிசினை விடும். கக்கூசுக்கு மேலை வைக்கிற கைபிடிக் கதிரை விக்குது, அது போதும்." திங்களும் இதைத்தான் சொன்னவர், செவ்வாயும் இதைத்தான். எனக்குப் பத்திக்கொண்டு வந்துது. "என்ரை அண்ணை செய்தது எண்டால் மட்டும் உங்களுக்குக் குறை" எண்டு கத்திப்போட்டன். ஆஸ்பத்திரியிலை கிடக்கிற மனிசனை. அவர் "சாப்பிட்டனீரோ?" எண்டு கேட்டார்.

அண்ணை போனிலை சொன்ன அளவைக் கதவு நிலையிலை இருந்து அளந்து கம்பியைப் பூட்டினன். இஸ்குறூப்பு வாழைப்பழத்துக்கை போற மாதிரிப் போச்சு. நல்ல கூர் போலை எண்டு நினைச்சன். விசரி.

மார்ச் 14, வெள்ளி

காலநிலை தெரியாது. வெளியிலை பாக்கேல்லை.

அவரைக் கூட்டிவர முதல் ஒருக்காப் பாப்பம் எண்டு கம்பியிலை தொங்கினன். என்ரை பாரம் அவற்றை பாரத்திலை முக்கால் வரும். ஒரு சத்தம், பேந்து நான் நிலத்திலை, கையிலை கம்பி, மடியிலை அரைச் சுவர்.

ஓட்டைக்கை டோர்ச் அடிச்சுப் பாத்தன். ஒரு தண்ணிக்குழாய். மற்றது வெறும் இருட்டு. குறுக்குப் பலகை இல்லை, நெடுக்கு மரமும் இல்லை, மூலை ரண்டிலையும் மட்டும் நிக்குது. அடியிலை ஒரு பேப்பர் கோப்பை. விளிம்பெல்லாம் பல்லாலை கடிச்சுக் கடிச்சு. கோப்பி குடிச்சு முடிய இப்பிடிக் கடிக்கிற ஆள் உலகத்திலை ஒராள்தான். சின்னனிலை பென்சிலை இப்பிடித்தான் கடிப்பார்.

அண்ணைக்குப் போன் எடுத்தன். சொன்னன்.

"நீ ஏன் தொங்கினனீ?"

அதுதான் முதல் கேள்வி. அடிபட்டதோ எண்டு இல்லை.

பேந்து கதை வந்துது. அண்டைக்குப் பலகை முடிஞ்சுபோச்சாம். கலியாண வீட்டுக்கு வெளிக்கிட வேணுமாம். ஆர் உள்ளுக்கை பாக்கப் போகினம் எண்டு மூடிட்டாராம். ஞாயிறு வந்து எனக்குத் தெரியாமல் சரி பண்ணுவம் எண்டுதான் இருந்தவராம்.

"அப்ப ஏன் அம்மாவிலை சத்தியம் பண்ணினனீங்கள்?"

"அம்மா செத்துப்போனா தானே பிள்ளை. இனி அவவுக்கு என்ன வரப்போகுது."

போனை வைச்சிட்டன். கோதாரி. மூண்டு மிசின் உண்மை சொல்லிச்சுது, மூண்டையும் பொய்யெண்டு சொன்னன். அவர் ஒரு பொய் சொன்னார், அதிலை போய்த் தொங்கினன்.

பின்னேரம். இவர் வந்திட்டார். மெலிஞ்சு போனார். நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு கக்கூஸ் வாசலுக்கு வந்து ஓட்டையைப் பாத்தார். திடுக்கிடுவார் எண்டு நினைச்சன். தலையை மட்டும் ஆட்டினார்.

"உங்களுக்குத் தெரியுமோ?"

"ஓம். மூடேக்க லைட் பிடிச்சனான் நான்தானே."

குந்திட்டன். படியிலை.

"ஏன் சொல்லேல்லை?"

"உமக்கு இருக்கிறது ஒரு அண்ணை. ஒரு பலகைக்காக அதைக் கெடுப்பானேன் எண்டு."

"நான் தொங்கிப் பாக்காமல் விட்டிருந்தால்? நீங்கள் பிடிச்சு விழுந்திருந்தால்?"

"நான் பிடிச்சிருக்க மாட்டன்."

அவர் பிடிச்சிருக்க மாட்டார். அண்ணையும் பிடிச்சிருக்க மாட்டார். அந்தச் சுவரை நம்பின ஒரே ஆள் இந்த வீட்டிலை நான்தான். ரண்டு ஆம்பிளையளும் சேந்து என்னை நம்பவிட்டுப் பாத்துக்கொண்டு இருந்தவை. அண்ணை பொய் சொன்னது நோகுது. இவர் சொல்லாமல் இருந்தது அதைவிட நோகுது. அண்ணையோடை சண்டை பிடிக்கலாம். இவரோடை எப்பிடிப் பிடிக்கிறது, நிக்கவே ஏலாத மனிசனோடை?

மார்ச் 15, சனி

வெயில். கூரைப்பனி உருகிச் சொட்டுது.

அண்ணையிட்டை இருந்து மெசேஜ்: பலகை வேண்டிட்டன், நாளைக்கு வாறன். பதில் போடேல்லை. வில்லரேயிலை இருந்து ஒரு தச்சன் திங்கள் வருவான், வெளியாள். மூடமுதல் படம் எடுத்துக் காட்டு எண்டு சொல்லியிருக்கிறன்.

வெங்காயம் இன்னும் வேண்டேல்லை.

இவர் கூப்பிட்டார். கக்கூசுக்குப் போகோணும். கம்பி இல்லை, கதிரையும் இல்லை. முன்னாலை போய் நிண்டன். என்ரை தோளிலை ரண்டு கையையும் வைச்சு, முழுப் பாரத்தையும் போட்டு, மெல்ல மெல்லக் கீழை இறங்கினார். ஒருக்காக்கூட யோசிக்கேல்லை. காதுக்குக் கிட்ட மூச்சு வாங்கினார்.

"சொல்லியிருக்கலாம் தான்," எண்டார்.

"கெதியா இருங்கோ, தோள் நோகுது," எண்டன்.