சரிசெய்த முகங்கள்

ஜூன் 3, செவ்வாய்
ஸ்டூடியோவில் இன்று பள்ளிப் படங்கள் நாற்பது. பாலர் பள்ளி விட்டதும் என் மகள் வாண்டு வழக்கம்போல் என் மடிக்கு வந்துவிட்டாள். நாலு வயசு. கம்ப்யூட்டரில் நான் முகங்களைச் சரிசெய்வதை வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பாள். முதலில் பரு, பிறகு தழும்பு, கடைசியில் நிறம். யாரும் கேட்பதில்லை, கறுத்த முகம் வந்தால் கை தானாக இரண்டு படி வெளுப்பை ஏற்றிவிடும். பதினோரு வருடப் பழக்கம்.
"இப்ப அழகாயிட்டாங்களாம்மா?"
"ம்" என்றேன்.

ஜூன் 9, திங்கள்
வாண்டு வகுப்பில் புதிதாக ஒரு பெண். கடல் கடந்து வந்த குடும்பம், தமிழ் நன்றாகவே பேசுகிறார்களாம். நல்ல கறுப்பு, சுருள்முடி. ஓரிடத்தில் நிற்காதாம். பம்பரம் என்று பெயர் வைத்துவிட்டாள் இவள். வீட்டில் நாள் முழுக்கப் பம்பரப் புராணம்தான், காது வலிக்கிறது.

ஜூன் 18, புதன்
இன்று வகுப்புப் படம் எடுக்கும் நாள். மிஸ் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். வாண்டு சாக்பீஸைப் பொடித்துத் தண்ணீரில் குழைத்து, பம்பரத்தின் முகம் முழுக்கப் பூசியிருக்கிறாள். அந்தக் குழந்தையும் விளையாட்டென்று சமர்த்தாக உட்கார்ந்திருந்ததாம். கண் எரிந்த பிறகுதான் அழுகை.
"ஃபோட்டோக்கு சரி பண்ணேன் மிஸ், எங்கம்மா பண்ற மாதிரி" என்றாளாம். இதைச் சொல்லும்போது மிஸ் என் முகத்தைப் பார்க்கவில்லை.
பம்பரத்தின் அம்மா ஈரத்துணியால் மகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.
"சின்னப் பொண்ணு, தெரியாம பண்ணிட்டா" என்றேன்.
"அவளுக்குத் தெரியாதுதான். எங்கேயோ பாத்திருக்கா" என்றாள்.
நான் ஒரு வார்த்தை சொல்லிக்கொடுத்தேனா? இல்லையே — ஐயோ, சொல்லவே வேண்டாமே, மடியிலயே உக்காந்து பாத்துட்டு இருந்தாளே!

ஜூன் 19, வியாழன்
"குழந்தைங்க மறந்துடும், விடு" என்கிறார் இவர். எதை மறக்கும்? வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 23, திங்கள்
பம்பரத்தை வேறு வகுப்புக்கு மாற்றிவிட்டார்கள். "நான் அவளை அழகாதானே ஆக்கினேன்?" என்று வாண்டு விசும்புகிறாள்.

ஜூலை 2, புதன்
இனி யார் நிறத்திலும் கைவைக்க மாட்டேன் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன். "என்ன, திடீர் ஞானோதயமா?" என்று சிரித்தார். சிரிக்கட்டும்.
மாலையில் அந்த வகுப்புப் படம் வேலைக்கு வந்தது. முகம் கழுவிய பம்பரம், கண் சிவந்து ஓரத்தில் நிற்கிறாள். எதையும் தொடாமல் அச்சுக்கு அனுப்பினேன்.
வாண்டு மடியில் ஏறி அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தாள். முதலில் தோழியை, பிறகு தன்னை. தன் கன்னத்தை விரலால் தேய்த்துப் பார்த்துக்கொண்டாள்.
"எங்க ரெண்டு பேரையும் சரி பண்ண மறந்துட்டியாம்மா?"