இஞ்சின் பெருநகருக்குப் போன விவரம்

உத்திரமேரூர்
22.3.82

அன்புள்ள மகள் சுலோச்சனாவுக்கு உன் அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அண்ணன் தேவராஜன், அவன் பொண்டாட்டி மலர்க்கொடி, கறவை மாடு எல்லாரும் கடவுள் புண்ணியத்தில் சௌக்கியம். என் முட்டி மட்டும் சௌக்கியமில்லை, அதைப் போன கடுதாசியிலேயே எழுதினேன், நீ பதிலில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அங்கே பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் பேரப்பிள்ளையும் உடம்புக்கு ஒண்ணும் இல்லாமல் இருக்கிறதாக எழுதினால்தான் எனக்குச் சோறு இறங்கும். அந்த ஊர் வெயில் பொல்லாதது என்கிறார்கள், பிள்ளைக்கு ஐஸ் தண்ணி கொடுக்காதே, பானைத் தண்ணி கொடு. அண்ணன் மோட்டார் கொட்டாயிலேயே கிடக்கிறான், கரண்டு வந்தால் தண்ணி இல்லை, தண்ணி ஊறினால் கரண்டு இல்லை. மாடு கன்னு போட்டது, கிடேரி.

நாயைப் பற்றி நீ கேட்டிருந்தாய். ஆயுத பூஜை லீவுக்கு வந்தபோது கழனிக் கிணத்துக்குள் கத்திக்கொண்டிருந்த குட்டியை நீதான் கூடை விட்டுத் தூக்கினாய். உன் பையன் அதுக்கு இஞ்சின் என்று பேர் வைத்தான். அம்மா நீ பாத்துக்கோ, இதை யாரும் ஒண்ணும் பண்ணாம பாத்துக்கோ என்று என் கையில் கொடுத்துவிட்டு நீ ரயில் ஏறிவிட்டாய். நானும் சரி என்று சொல்லித் தொலைத்தேன். பேருக்கு ஏத்தபடிதான் அது இருந்தது. எழுந்தால் ஓடும், ஓடினால் நிற்காது. கயித்தில் கட்டினால் கயித்தைத் தின்றது, சங்கிலியில் கட்டினால் சங்கிலியோடு கட்டின முளைக்குச்சியையும் பிடுங்கி இழுத்துக்கொண்டு தெருவைச் சுத்தியது. மலர்க்கொடி உலர்த்தின பாவாடையைத் தலையில் மாட்டிக்கொண்டு பிள்ளையார் கோயில் வரைக்கும் போய் வந்தது. அவள் அதுக்கு அழுதாள். நான் அழவில்லை, அந்தப் பாவாடை எனக்கும் பிடிக்காது.

மாசி மாசக் கடைசியில்தான் வினை வந்தது. பின்தெரு தறிக்கார ஜெகநாதன் வீட்டில் சித்திரை முகூர்த்தச் சேலைக்குப் பட்டுப் பாவு நூலைக் காலையில் தெரு நீளத்துக்கும் நீட்டி இழை சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். இஞ்சின் ஒரு பூனையைப் பார்த்தது. பூனை பாவுக்கு அடியில் போனது, இது பாவுக்கு நடுவில் போனது. அறுந்த இழையை எல்லாம் முடி போட அந்த வீட்டு ஆள் மொத்தமும் பொழுது சாயும்வரை உட்கார்ந்தது. நானும் போய் உட்கார்ந்தேன், எனக்குக் கண் தெரியவில்லை என்று எழுப்பிவிட்டார்கள். சாயங்காலம் ஜெகநாதன் நம்ம வாசலில் வந்து நின்று, ஆயா, இன்னொரு வாட்டி அது எங்க தெருவுல கால வச்சா சோத்துல மருந்து வச்சிடுவேன், சொல்லிட்டுத்தான் வைக்கிறேன், அப்பால சொல்லலன்னு பேஜார் பண்ணாத என்றான். அவன் சொன்னது நியாயம்தான். ஆனால் சொன்னபோது செருப்பைக் கழட்டாமல் சொன்னான், அது எனக்கு ஞாபகம் இருக்கும்.

நீ என் கையில் கொடுத்த உசிர், யாரோ வைத்த சோத்தைத் தின்று தெருவில் கிடந்தால் உனக்கு என்னவென்று எழுதுவேன். முதலில் ரைஸ் மில் சுப்பிரமணியிடம் காவலுக்கு விட்டேன். அங்கே களத்தில் ஒரு பக்கம் கிச்சிலிச் சம்பாவும் இன்னொரு பக்கம் ஐ.ஆர். எட்டும் காயப்போட்டிருந்தார்கள். இஞ்சின் ஒரு குருவியைத் துரத்தின துரத்தலில் எது சம்பா எது எட்டு என்று யாருக்கும் தெரியாமல் போச்சு. மறுநாளே சுப்பிரமணி திருப்பிக் கொண்டுவந்து விட்டான். இன்னா ஆயா இது, நாயா இல்ல டிராக்டரா என்றான்.

அப்போதுதான் மலர்க்கொடி மாவு ஆட்டிக்கொண்டே, யாருக்கோ சொல்கிற மாதிரி, பெருநகர் அத்தை வூட்டு மல்லாட்டைக் கொல்லையில காட்டுப்பன்னி பூந்து கடலையெல்லாம் தோண்டித் துண்ணுதாம், நல்ல நாயா தேடிக்கினு கீறாங்களாம் என்றாள். பெருநகர் அத்தை என்றால் உன் அப்பா கூடப்பிறந்த உண்ணாமலைதான். நீ பெரியவளான வருஷம் மாகறல் கோயில் உற்சவத்தில், நாலு பேர் நடுவில், அண்ணி இந்தச் சேலை யாராண்ட இரவல் வாங்கினது என்று என்னைக் கேட்டாள். கேட்டபோது வாயில் வெத்திலை, இடது கையில் பொங்கல் தொன்னை. அன்றையிலிருந்து நான் பேசவில்லை, உன் அப்பா காரியத்துக்கு வந்தபோதும் பேசவில்லை, உன்னையும் பேசவிடவில்லை. அந்த வாசலுக்கு நான் போவதா என்று ரெண்டு நாள் சாப்பிடாமல் யோசித்தேன். மூணாம் நாள் நம்ம தெருமுனையில் ஜெகநாதன் தம்பி கையில் ஒரு பொட்டலத்தோடு நின்றான். உள்ளே பக்கோடாவாகக்கூட இருந்திருக்கலாம். நான் புறப்பட்டுவிட்டேன்.

பஸ்ஸில் ஏத்தவில்லை. நாயை மடியில வச்சிக்கினா கூட ஆவாது, எறங்கு ஆயா, ஏற்கெனவே ஒருத்தர் வேட்டியக் கடிச்சிடுச்சி என்றான் கண்டக்டர். பிறகு பெருநகருக்கு நெல் ஏத்தப் போன மில்லு வண்டியில் போனேன். வழி நெடுக அது மாட்டைப் பார்த்துக் குரைத்தது, மாடு என்னைப் பார்த்தது.

உண்ணாமலை கொல்லை மேட்டில் நின்றிருந்தாள். தலை நரைத்துவிட்டது, இளைத்துவிட்டாள், மத்தபடி அதே மூஞ்சிதான். பேச்சு இல்லாதவர்கள் எப்படிப் பேசுவது, அதனால் நான் நாயிடம் சொன்னேன், இஞ்சினு, இதான் மல்லாட்டைக் கொல்லை, பன்னி வருதாம், வேண்டியவங்க வச்சிக்கட்டும், வேணான்னா வண்டி நிக்குது என்றேன். அவளும் என்னைப் பார்க்காமல் நாயைப் பார்த்து, ஏ நாயே, உன்னைக் கூட்டிக்கினு வந்தவங்க வெயில்ல வந்துகீறாங்க, மோர் குடிக்கிறாங்களான்னு கேளு என்றாள். வேணான்னு சொல்லு என்றேன் நாயிடம். அது நின்றால்தானே சொல்ல முடியும், சுத்திச் சுத்தி ஓடியது, ஆளுக்கு ஒரு பக்கம் கயித்தைப் பிடித்துக்கொண்டுதான் பேசினோம். பேச்சோடு பேச்சாக, இஞ்சினு, கேட்டுக்கோ, அந்தச் சேலை எங்கம்மா காஞ்சிபுரத்துல தறியில சொல்லி நெய்ய வச்சது, இரவல் இல்ல என்றேன். நாயே, அது வெளையாட்டுக்குக் கேட்டது, அண்ணன் செத்த வூட்டுலகூட மூஞ்சி பாக்காம போனாங்களே, அதைக் கேளு என்றாள். நாய் ரெண்டு பேர் மூஞ்சியையும் பார்த்தது. பிறகு கயித்திலிருந்து கழுத்தை உருவிக்கொண்டு போய் மல்லாட்டைச் செடியைத் தோண்ட ஆரம்பித்தது. காயை உரித்துக்கூடத் தின்றது. உண்ணாமலை, இதுக்குப் பன்னியே தேவலாம், இட்டுக்கினு போவச் சொல்லு என்று சொல்லிவிட்டாள். சொல்லுவதற்கு நாய் பக்கத்தில் இல்லாததால் வரப்பைப் பார்த்துச் சொன்னாள்.

 திரும்பிப் போனால் அந்தப் பொட்டலம்தான். அந்த நேரம் கொல்லையின் அந்தக் கோடியில் ஆட்டு மந்தை ஒண்ணு உள்ளே இறங்கியது. அது உண்ணாமலை பங்காளி சின்னராசு வீட்டு ஆடு. அவர்களோடும் அவளுக்குப் பேச்சில்லை, அதனால் தினமும் மேய்ந்துவிட்டுப் போகுதாம், இவள் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டு நிற்பாளாம். இஞ்சின் தலையைத் தூக்கிப் பார்த்தது. அவ்வளவுதான், ஒரு ஆடு பாக்கியில்லாமல் செய்யாத்து மணலுக்கு இறக்கிவிட்டது, பின்னாலேயே சின்னராசு துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினான். உண்ணாமலை மூஞ்சியில் அப்படி ஒரு சந்தோஷத்தை எங்கள் கல்யாணத்தில்கூட நான் பார்க்கவில்லை. கயித்தை என் கையிலிருந்து வாங்கி அவள் இடுப்பில் செருகிக்கொண்டாள். அந்தக் கயித்தைத் திருப்பித் தரவில்லை, நானும் கேட்கவில்லை.

நாய் ஆத்து மணலில் தூரத்தில் புள்ளியாகத் தெரிந்தது. நாங்கள் ரெண்டு பேர்தான் நின்றோம். அவள் என் மூஞ்சியைப் பார்த்து, அண்ணி, சாப்பிட்டுப் போங்க என்றாள். நான் சுத்திப் பார்த்தேன், ஒரு கோழிகூட இல்லை. இன்னா கொழம்பு என்று கேட்டேன். கருவாடு என்றாள். சாப்பிட்டேன். ரெண்டாவது வாட்டியும் போட்டாள்.

சமாதானம் ஆகிவிட்டோம் என்று மாப்பிள்ளையிடம் எல்லாம் சொல்லிவிடாதே. நாய் எப்படி இருக்கிறது என்று பார்க்க வெள்ளிக்கிழமை போகிறேன், அவ்வளவுதான். உன் பையன் கேட்டால், இஞ்சின் உசிரோடு இருக்கிறது, அதுக்கு ஒரு கொல்லை முழுக்க ஓட இடம் இருக்கிறது என்று சொல்லு. நீ ராத்திரியில் தலைக்கு ஊத்திக்கொள்ளாதே, மாப்பிள்ளையை வேலைக்குப் போகுமுன் நாஷ்டா சாப்பிட வை. எல்லாரும் நோய் நொடியில்லாமல் நீண்ட ஆயுசோடு இருக்கணும், ஏகாம்பரநாதர் துணை இருப்பார். மறக்காமல் என் முட்டியைப் பற்றிக் கேட்டு எழுது. அத்தைக்கு ஒரு கார்டு போடுவதானால் போடு, நான் தடுக்கமாட்டேன். நாயைப் பற்றி மட்டும் விசாரி.

இப்படிக்கு உன் நலத்தையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா ஆதிலட்சுமி