அவளுக்குத் தெரிந்து எடுத்தவை மூன்று

ஏப்ரல் 22, செவ்வாய்

காலையில் கெடிலம் ஆற்றுப் பாலத்திலிருந்து ஒரு நாரையைப் படம் எடுத்தேன். போனில் பார்க்கும்போது நன்றாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தால், கண் இருக்க வேண்டிய இடத்தில் கரைத்த மாவு தெறித்தது போல ஒரு கறை. இனி கேமரா இல்லாமல் முடியாது.

பணம் இருக்கிறது. இரண்டு வருடம் பிளவுஸ் தைத்துச் சேர்த்தது. அந்தக் கணக்குக்குத் தனி நோட்டு உண்டு, இங்கே வேண்டாம்.

ஏப்ரல் 24, வியாழன்

லாரன்ஸ் ரோட்டில் டேவிட் ராஜ் கடைக்குப் போனேன். கேமரா விற்கிறார், வாடகைக்கும் விடுகிறார். மேசைமேல் இரண்டை வைத்தார். பெரியது மிரர்லெஸ். லென்ஸைக் கழற்றி மாட்டலாம், கண்ணை வைத்துப் பார்க்க ஒரு சின்ன ஜன்னல், கழுத்தில் மாட்ட வார். சின்னது காம்பாக்ட். லென்ஸ் உடம்போடு ஒட்டியது, அணைத்தால் உள்ளே போய்விடுகிறது. மணிபர்சில் சில்லறையோடு போட்டுக்கொள்ளலாம்.

"எதுக்கும்மா வாங்குறீங்க?" என்றார்.

"போட்டோ எடுக்க."

"அது தெரியுதும்மா. யார எடுக்க, எங்க வச்சு எடுக்க? அத சொன்னாத்தான நான் ஒண்ணு சொல்ல முடியும்."

நாரை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

நோட்டில் நடுவே கோடு போட்டு எழுதிப் பார்த்தேன். மங்கலான வெளிச்சத்தில் பெரியதுதான் தெளிவு. ஆனால் கோயிலுக்கும் கடைக்கும் கூடவே வருவது சின்னது, விலையும் பதினெட்டாயிரம் குறைவு. கூட்டினால் இரண்டு பக்கமும் சமம். என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "சமமா வந்தா ரெண்டுமே வேணாம்னு அர்த்தம், கொளஞ்சி." சொல்லிவிட்டு டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு செம்மங்குப்பம் கம்பெனி ஷிப்டுக்குப் போய்விட்டார்.

ஏப்ரல் 27, ஞாயிறு

சிதம்பரத்திலிருந்து நாத்தனார் கலைமணி பேசினாள். அவள் மகள் இளமதி பங்குனியில் வயதுக்கு வந்தாள் அல்லவா, மஞ்சள் நீராட்டு ஜூன் எட்டாம் தேதி என்று முடிவாகிவிட்டதாம். மண்டபம் பிடித்தாயிற்று. போட்டோகிராபர் இரண்டு பேர், மேலே பறந்து எடுக்கிற ட்ரோன், தெருமுனையில் பத்தடிக்குப் பேனர்.

"தாய்மாமன் சீரு இருபத்தோரு தட்டு அண்ணி. கொறச்சிப்புடாதீங்க. இங்க எல்லாம் எண்ணிக்கிட்டுத்தான் நிப்பாங்க."

எண்ணட்டும். நானும் எண்ணித்தான் வைப்பேன்.

மே 2, வெள்ளி

சிதம்பரம் போய் வந்தேன். மாடியில் வடகம் காயப் போட்டுக்கொண்டிருந்தபோது இளமதி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஒன்பதாவது போகப்போகிறாள். நாலு வடகம் கிள்ளி வைத்தாள். அப்புறம் ஒரே மூச்சில் கொட்டினாள்.

"அத்தை, என் கிளாஸ் பசங்க எல்லாரும் அந்தத் தெரு வழியாதான் சைக்கிள்ல வருவானுங்க. என் மொகத்த பேனர்ல போட்டா நான் ஸ்கூலுக்கே போவ மாட்டேன். எதுக்கு பேனருன்னு எல்லாருக்கும் தெரியும்ல? போன வருசம் பிரியதர்ஷினிக்கு வச்சாங்க. அவள ஒரு மாசம் ஓட்டுனானுங்க."

"அம்மாகிட்ட சொன்னியா?"

"சொன்னேன். ஊரு ஒலகத்துல இல்லாததான்னாங்க. அந்த போட்டோக்காரங்களும் வேணாம் அத்தை. பாவாடைய புடி, இப்புடித் திரும்பு, வெக்கப்படுன்னு சொல்லுவாங்க. நீங்க எடுங்க. நீங்கதான் நாரையெல்லாம் எடுக்குறீங்களே."

எடுக்கிறேன், பேனர் இல்லாமல் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். சொல்லியாயிற்று. டேவிட் ராஜ் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் இருக்கிறது.

கலைமணியிடம் பக்குவமாக எடுத்துச் சொன்னேன். "என்னா அண்ணி, போன வச்சிக்கிட்டா ஆல்பம் போடுவீங்க? சிரிப்பாங்க" என்றாள். கேமரா வாங்கப்போகிறேன் என்றேன். "எடுத்துக் காட்டுங்க, பாக்கலாம்."

மே 18, ஞாயிறு

நேற்று இரண்டு கேமராவையும் ஒரு நாள் வாடகைக்கு எடுத்துக்கொண்டு மறுபடியும் சிதம்பரம். வெயில் மண்டையைப் பிளந்தது.

முதலில் பெரியது. அதைக் கண்ணில் வைத்ததுமே பெண் கல்லாகிவிட்டாள். துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொள்கிறாள், உதட்டை மூடிக்கொள்கிறாள். "ஒங்க மொகம் தெரியல அத்தை, வேற யாரோ மாதிரி இருக்கு" என்றாள். ஏழெட்டு எடுத்துவிட்டு வைத்துவிட்டேன்.

சின்னதில் சத்தமே இல்லை. முதல் மூன்று படம் சொல்லிவிட்டு எடுத்தேன். பிறகு அவள் மறந்துவிட்டாள். நான் வயிற்றருகே பிடித்துக்கொண்டு பேச்சுக் கொடுத்தபடியே இருந்தேன். தலைக்குக் குளித்துவிட்டுக் கூந்தலை விரித்துப் போட்டுக்கொண்டு, பழைய சட்டையில், உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டு மாங்காய் கடித்தாள். புளிப்பில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தாள். அந்தப் படம் ஒன்று போதும்.

சின்னதுதான் என்று தோன்றுகிறது.

மே 19, திங்கள்

மாங்காய்ப் படத்தைக் கலைமணிக்கு அனுப்பினேன். சின்ன கேமராவே போதும் என்று காட்டத்தான் அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் போன். குரலே மாறியிருந்தது.

"அண்ணி, எம்பொண்ணு இப்புடி சிரிச்சி நானே பாத்ததில்ல அண்ணி."

போட்டோகிராபர் வேண்டாம், ட்ரோன் வேண்டாம், நீங்களே எடுங்கள் என்றாள். பேனர்? "அத பாத்துக்கலாம் அண்ணி." சரி என்றுதான் எனக்குக் கேட்டது. பேனர் கிடையாது என்று இளமதிக்குச் சொல்லச் சொன்னேன். சாயங்காலம் மறுபடி கேட்டபோது, சொல்லிவிட்டேன் என்றாள்.

மே 24, சனி

சனிப் பிரதோஷம். பாடலீஸ்வரர் கோயிலில் நிற்க இடமில்லை. கூட்டம் கலைந்த பிறகு அம்பாள் சன்னதியில் பூப்போட்டுப் பார்த்தேன். வெள்ளை வந்தால் பெரியது, சிவப்பு வந்தால் சின்னது. பூவை மடித்துக் கட்டிய இரண்டு பொட்டலத்தையும் படியில் வைத்து, பக்கத்தில் நின்ற ஒரு குழந்தையை எடுக்கச் சொன்னேன். சிவப்பு.

அப்புறம் என்ன யோசனை? வருகிற வாரம் டேவிட் ராஜிடம் முன்பணம் கட்டிவிடலாம்.

மே 31, சனி

விழாவுக்குச் சின்னது வாடகை. முடிந்ததும் அதே மாடலில் புதியது வாங்கிக்கொள்வதாகப் பேசி முன்பணம் கட்டினேன்.

ஜூன் 9, திங்கள்

நேற்று நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

எட்டரை மணிக்கு வேனில் போய் இறங்கினோம். வழக்கப்படி தெருமுனைப் பிள்ளையார் கோயிலில் சீர்த்தட்டுகளை வைத்துச் சூடம் காட்டிவிட்டு, மேளத்தோடு மண்டபத்துக்கு நடக்க வேண்டும். என் தலையில் புடவைத் தட்டு. நிமிர்ந்து பார்த்தேன். மண்டப வாசலுக்கு எதிரே மூங்கில் சாரம். அதில் பத்தடிக்கு இளமதி. விரித்த தலை, மூடிய ஒரு கண், வாய் கொள்ளாத சிரிப்பு. கையிலிருந்த மாங்காயை எடுத்துவிட்டுத் தாமரைப்பூ வைத்திருந்தார்கள். சுற்றிலும் பட்டாம்பூச்சி.

நான் எடுத்த படம். நானே அனுப்பிய படம்.

பெண் முந்தின நாளே மண்டபத்துக்கு வந்துவிட்டாள், பேனர் காலையில்தான் கட்டியிருக்கிறார்கள். அவள் இன்னும் பார்த்திருக்க மாட்டாள் என்று ஒரு நினைப்பு.

தட்டை இறக்கிப் பிள்ளையார் படியில் வைத்தேன். என் வீட்டுக்காரரிடம், மாடியில் அவள் சொன்னதையும் நான் கொடுத்த வாக்கையும் சொன்னேன். "அத எடுக்காம என்னால தட்ட தூக்க முடியாதுங்க." அவர் பேனரை ஒரு தரம் பார்த்தார், என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு தன் கையிலிருந்த மாலைத் தட்டை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். பின்னால் வந்த பெண்கள் ஒவ்வொருவராக இறக்கினார்கள். இருபத்தோரு தட்டும் கோயில் வாசலில்.

மேளக்காரர் கேட்டார், "அண்ணே, வாசிக்கலாமா வேணாமா?"

"ஒரு டீ சாப்ட்டு வாங்க."

தாய்மாமன் சீர் உள்ளே போகாமல் பெண்ணுக்குத் தண்ணீர் ஊற்ற முடியாது. அது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். கலைமணியின் வீட்டுக்காரர் சிங்காரம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

"என்னா மச்சான் இது, நல்ல நேரம் போவுதே!"

"போவட்டும் மாப்ள. அந்த பேனரும் கூடப் போவட்டும்."

"பேனரா? வெளாடுறீங்களா? நாலாயிரம் குடுத்துக் கட்டியிருக்கேன்!"

"நான் சீருக்கு எவ்ளோ குடுத்தேன்னு கேட்டியா? தட்டு இங்கயேதான் இருக்கும். எனக்கு இன்னிக்கி ஷிப்டு கூட இல்ல."

அதற்குள் கலைமணி வந்துவிட்டாள். பட்டுப்புடவையில் முகமெல்லாம் வியர்வை. அண்ணனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நேராக என்னிடம்.

"இது ஒங்க வேலதான அண்ணி? சபையில வச்சி எம்மானத்த வாங்குறீங்க. அந்த போட்டோ யாரு எடுத்தது? யாரு அனுப்புனது? நானா திருடிக்கிட்டு வந்தேன்?"

அவள் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லையே.

"நான்தான் எடுத்தேன், நான்தான் அனுப்புனேன். தப்பு என்னுதுதான் கலைமணி. அதனாலதான் நானே நிக்கிறேன்."

இருபது நிமிடம் அப்படியே. கடைசியில் சிங்காரமே ஏணியை வாங்கி ஏறிக் கயிற்றை அறுத்தார். பேனர் முகம் குப்புற விழுந்தது. சுருட்டி மண்டபத்துக்குப் பின்னால் கொண்டுபோனார்கள். மேளம் தொடங்கியது. தட்டைத் தூக்கினேன்.

முதல் தண்ணீர் தாய்மாமன் மனைவிதான் ஊற்ற வேண்டும். சொம்பை எடுத்துக்கொண்டு குனிந்தேன். மஞ்சள் பூசிய முகத்தோடு அவள் என்னைப் பார்த்தாள். யாருக்கும் கேட்காத குரலில், "ஜன்னல் வழியா பேனர பாத்தேன். அது எப்ப அத்தை எடுத்தீங்க? எனக்குத் தெரியவேயில்லையே" என்றாள்.

தண்ணீரை ஊற்றினேன். விழா முழுக்கச் சின்ன கேமராவில் எடுத்தேன். நன்றாக வந்திருக்கிறது. கிளம்பும்போது கலைமணி வாசல் வரை வரவில்லை.

ஜூன் 11, புதன்

கேமராவைத் திருப்பிக் கொடுக்குமுன் என் மெமரி கார்டில் இருந்த மே பதினேழாம் தேதிப் படங்களை எண்ணினேன். சின்னதில் எடுத்தவை நாற்பத்தொன்று. அவளுக்குத் தெரிந்து எடுத்தவை மூன்று.

பாக்கி முப்பத்தெட்டு.

அம்பாளிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. எந்த கேமரா என்று கேட்டேன், அதற்குப் பதில் வந்தது. கேட்க வேண்டியதை, கேட்க வேண்டியவளிடம் நான்தான் கேட்கவில்லை.

ஜூன் 16, திங்கள்

நாற்பத்தொன்றும் இருந்த கார்டைக் கவரில் போட்டு இளமதி பேருக்குத் தபாலில் அனுப்பினேன். என்னிடம் ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை. போனில் இருந்த மாங்காய்ப் படத்தையும் அழித்துவிட்டேன். "நீ வைத்தாலும் சரி, அழித்தாலும் சரி. கேட்காமல் எடுத்தது தப்பு" என்று ஒரு சீட்டு. விழா ஆல்பத்தைத் தனியாக அச்சுப் போட்டுக் கலைமணிக்கு இவர் கையில் கொடுத்தனுப்பினேன். வாங்கிக்கொண்டாளாம்.

ஜூலை 11, வெள்ளி

ஆடி பிறப்பதற்குள் முடித்துவிடலாம் என்று லாரன்ஸ் ரோடு போனேன். டேவிட் ராஜ் சின்னதைப் பெட்டியோடு எடுத்து வைத்திருந்தார். பெரியதைக் கொடுங்கள் என்றேன்.

"என்னாம்மா, சாமி செவப்பு பூ குடுத்துச்சின்னீங்களே?"

"குடுத்துச்சி. இது எனக்கு வேணும்."

"பாக்கறவங்க ஒதுங்குவாங்கம்மா இதுக்கு. படம் இயல்பா வராது."

"ஒதுங்குறவங்க ஒதுங்கட்டும்."

இதைத் தூக்கினால் எதிரே இருப்பவர்களுக்குத் தெரிந்துவிடும். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்ல நேரம் இருக்கும். அவ்வளவுதான் கணக்கு. அமுக்கும்போது வரும் சத்தத்தை நிறுத்தி வைக்கிற வசதி இதிலும் இருக்கிறதாம், காட்டினார். நிறுத்த வேண்டாம் என்றேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்குக்கு இவர் தங்கை வீட்டுக்குப் போய் வந்தார். நான் போகவில்லை. என்னைக் கூப்பிடவில்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

கெடிலத்தில் நாரை. கண் தெரிகிறது. மஞ்சள்.

செப்டம்பர் 28, ஞாயிறு

காலாண்டு லீவு. காலையில் கலைமணியிடமிருந்து போன், மூன்றரை மாதத்துக்குப் பிறகு. இவருக்கு இல்லை, எனக்கு. "அண்ணி, இளமதிய பஸ் ஏத்தி உட்டுருக்கேன். கண்டக்டர்ட்ட சொல்லியிருக்கேன். ஒங்க வீட்டுலதான் இருப்பேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறா." அப்புறம், "மொளகா ஜாஸ்தி போடாதீங்க, அதுக்கு வயித்துக்கு ஆவல" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

பஸ் ஸ்டாண்டில் நின்றேன். பெண் இறங்கினாள். ஒரு விரற்கடை வளர்ந்திருக்கிறாள். வழியெல்லாம் கணக்கு டீச்சரைப் பற்றியே பேசினாள். கார்டைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

வீட்டில் அலமாரியிலிருந்த கேமராவை எடுத்துப் புரட்டிப் பார்த்தாள். "கனமா இருக்கே அத்தை."

"எடுக்கட்டுமா?"

"இப்ப வேணாம்."

"சரி." வைத்துவிட்டுக் குழம்பைக் கவனித்தேன்.

நாலு மணிக்கு, தலை சீவிக்கொண்டு, அவளே வந்து கூப்பிட்டாள். மாடியில் நின்றாள். ஒவ்வொன்றுக்கும் முன் சொல்லிவிட்டு அமுக்கினேன். ஆறு படம். ஆறிலும் கேமராவை நேராகப் பார்க்கிறாள். ஒன்றிலும் சிரிக்கவில்லை.

வாங்கிப் பார்த்தாள். இரண்டை அழிக்கச் சொன்னாள். அழித்தேன். பாக்கி நான்கு. அதில் ஒன்றை அம்மாவுக்கு அனுப்பச் சொன்னாள். எதை என்று அவளே காட்டினாள்.