பெத்தணன் மகளுக்குப் போட்ட சோறு

7-4-2025

நிலத்தைக் கல்லூரிக்கு எழுதிக் கொடுத்தபோது ஒரு நிபந்தனை போட்டேன். வாத்தியார்களை எடுக்கும்போது நானும் உட்காருவேன், எனக்குப் பிடிக்காத ஆளை எடுக்கக் கூடாது. அருணாதேவி அம்மா சிரித்தார்கள். வெளிநாட்டில் படித்துவிட்டு, ஆமத்தூர்க் கரிசலில் கல்லூரி கட்ட வந்தவர்கள். பிறகு சம்மதித்தார்கள்.

இன்று முதல் நாள். வந்தவர் பெங்களூர்க்காரர், தத்துவம் சொல்லித் தருவாராம். "பிள்ளைகளுக்கு வெளங்கலேன்னா என்ன செய்வீக?" என்று கேட்டேன். "திரும்பப் படிக்கணும்" என்றார். "நீங்களா, அதுகளா?" கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வேண்டாம் என்றேன்.

அங்கே கணக்குப் படிக்கிற பிள்ளை பாட்டும் படிக்குமாம், வரலாறும் படிக்குமாம். எதற்கு இவ்வளவும் என்றால் பேத்தி அழகுமீனா, "ஏன், நீ மட்டும் ஒரே வேலையா பாக்க? சமைக்க, ஆடு மேய்க்க, ஊரையும் வைய்யிற" என்கிறாள்.

9-4

வரலாற்று வாத்தியார் வேலைக்கு மனுப் போட்ட பெண் ஒருத்தி, பஸ்ஸிலிருந்து தப்பான இடத்தில் இறங்கி, வெயிலில் நடந்து என் வாசலில் வந்து நின்றாள். நாளை மறுநாள்தான் நேர்காணல், இடத்தைப் பார்க்க வந்தாளாம். முகம் வாடிக் கிடந்தது. உட்காரவைத்துச் சோறு போட்டேன், கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு. மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். பிடித்துப்போயிற்று.

பசித்து வந்தவரிடம், சாப்பிட்டுக் கை கழுவும் முன்னால் ஊர் பேர் கேட்பதில்லை எங்கள் வீட்டில். கழுவிய பிறகு கேட்டேன்.

"யார் வீட்டுப் பிள்ளத்தா?"

"எம். புதுப்பட்டி, ஆச்சி. போர்மேன் பெத்தணன் மக, கற்பகவல்லி."

பெத்தணன் மகள். என் வீட்டில் கை நனைத்துவிட்டாள்.

10-4

மறந்துவிடும் என்பதற்காக இதை எழுதவில்லை. எனக்கு எதுவும் மறப்பதில்லை.

என் மகள் பாண்டிச்செல்வி பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் அறையில் வேலை பார்த்தாள். அறை வெடித்தது. மீனாவுக்கு அப்போது பால்பல்கூட விழவில்லை. விசாரணையில் அந்த ஆலையின் போர்மேன் பெத்தணன் எழுந்து நின்று சொன்னான்: "அந்தப் பொண்ணு இரும்பு வாளியத் தரையில இழுத்துச்சுங்க, பொறி பறந்துருச்சு. சொல்லிப் பாத்தோம், கேக்கல."

இரும்பு வாளியாம்! வீட்டில்கூட அவள் வாளியைத் தூக்கித்தான் வைப்பாள். முந்தின நாள் கலந்து, மிச்சம் கிடந்து சூடேறிய மருந்தை அவன் எடுக்கச் சொன்னதால்தான் வெடித்தது என்று கூட வேலை பார்த்தவர்கள் என் காதில் சொன்னார்கள். விசாரணையில் ஒரு வாயும் திறக்கவில்லை. அன்றிலிருந்து ஊருக்கு அவள் 'வாளி இழுத்தவ'. செத்தும் பழி.

வேண்டாம் என்று சொல்லப்போகிறேன்.

மீனா கேட்கிறாள்: "அம்மாச்சி, சோறும் போட்டுட்டு வேலையையும் கெடுப்பியா?"

"பசிக்குப் போட்ட சோறு. அவ அப்பனுக்கா போட்டேன்?"

சொல்லிவிட்டேன். ஆனாலும் என் கையால் சாப்பிட்டுப் போனவளை நான் எப்படி — சீ. தெரிந்திருந்தால் தண்ணீர்கூடக் கொடுத்திருக்க மாட்டேனே.

11-4

நன்றாகத்தான் பேசினாள். பெரிய ஆட்களின் வரலாறு புத்தகத்தில் கிடக்கிறது, வேலை செய்தவர்களின் வரலாறு அவர்கள் வாயில் இருக்கிறது, பிள்ளைகளை அனுப்பிக் கேட்டு எழுதவைப்பேன் என்றாள். என் முறை வந்தது.

"உங்கப்பன் எம் மக பாண்டிச்செல்வி மேல சொன்னது நெசமா?"

அருணாதேவி அம்மா பதறிப்போய், "அம்மா, இத இங்க கேக்கக் கூடாது" என்றார்கள்.

"வாயில இருக்குற வரலாறத்தான் கேக்கேன்."

கற்பகவல்லி என்னை நேராகப் பார்த்தாள். "தெரியல ஆச்சி. சின்னதுல ஒருக்கக் கேட்டேன். அறைஞ்சாக. பெறகு கேக்கல."

அப்போதுதான் யோசனை வந்தது. வேண்டாம் என்றால் இவள் டெல்லிக்கோ எங்கோ போய்விடுவாள். பெத்தணனோ, தன் மகளைப் பற்றிப் பெருமை பேசிக்கொண்டு கிடப்பான். அவனுக்கு என்ன நட்டம்?

"இவள எடுங்க" என்றேன். "ஆனா மொதப் பாடம் அந்த வெடிதான். பிள்ளைகளக் கூட்டிட்டுப் போயி மொதல்ல அவ அப்பன் வாயத் தொறக்கணும்."

அவள் முகம் வெளுத்தது. சரி என்றாள்.

என் சோறு தின்றவளைக் கெடுத்த பாவமும் எனக்கு இல்லை.

20-7

கல்லூரி திறந்தாயிற்று. அவள் இன்னும் அப்பனிடம் கேட்கவில்லை. பயமாக்கும். காத்திருக்கிறேன்.

3-8

செல்போனில் பதிந்துகொண்டு வந்தாள். உட்காரவில்லை. நானும் உட்காரச் சொல்லவில்லை.

பெத்தணன் குரல், சிரிப்போடு: "மிச்ச மருந்தக் கொட்டுனா மொதலாளி வைவாரு. மறுநாளு அதையே எடுக்கச் சொல்லுவேன். அந்தப் பிள்ள வேண்டாம்ண்ணேன்னுதான் சொல்லுச்சு."

மாணவப் பிள்ளை ஒன்று கேட்கிறது: "அப்ப இரும்பு வாளி?"

"வாளி எங்கிட்டு இருந்துச்சு? செத்தவ மேல சொன்னா அவளுக்கென்ன வேலையா போயிரும்?"

படித்த பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து கேட்கிற சந்தோஷத்தில் கொட்டிவிட்டான்.

திரும்பப் போடச் சொன்னேன். பிறகு இன்னொருக்க. வேண்டாம்ண்ணே — என் மகள் கடைசியாகச் சொன்னது இவன் வாய்வழியாகத்தான் எனக்கு வரணுமா? பாவிப்பயலே, நீ நல்லாருப்பியாலே?

கற்பகவல்லி அழவில்லை. "வீட்ட விட்டு வந்துட்டேன் ஆச்சி" என்றாள். இனிமேல் கல்லூரியிலேயே தங்கல்.

அவள் போன பிறகுதான் தோன்றியது. அவனுக்கும் இப்போது மகள் இல்லை. வயிறு நிறைந்த மாதிரி இருந்தது.

17-8

ஊரைக் கூட்டிக் கல்லூரியில் பெத்தணன் பேச்சைப் போட்டுக் காட்டினார்கள். 'வாளி இழுத்தவ' என்று சொன்ன வாய்கள் அத்தனையும் வந்திருந்தன. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டேன். ஒருத்தியும் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

2-9

இன்று மத்தியானம் பஸ் நிறுத்தத்தில் ஒரு கிழவன் கம்பை ஊன்றி இறங்கினான். பெத்தணன். எனக்கு உடனே தெரிந்தது. அவனுக்கு என்னைத் தெரியவில்லை. என் பிள்ளையைப் பற்றி அப்படிச் சொல்லிவிட்டு, என் முகத்தைக்கூட வைத்துக்கொள்ளவில்லை அவன்.

"ஆத்தா, புதுக் காலேசுக்கு எங்கிட்டுப் போகணும்? எம் மக அங்கன வாத்தியாரா இருக்கு. போன எடுக்க மாட்டேங்குது."

சிவகாசி போகிற பக்கம் கையைக் காட்டினேன். கல்லூரி இருப்பது அதற்கு நேர் எதிர்த்திசையில்.

"நல்லாருப்ப தாயி" என்று சொல்லிவிட்டு நடந்தான். மரம் ஒன்று கிடையாது அந்தச் சாலையில். நின்று நின்று மூச்சு வாங்கிப் போனான். பார்த்துக்கொண்டே நின்றேன். வெகுதூரம் போகவிட்டேன்.

அப்புறம்தான், அங்கிட்டு இல்ல, திரும்பி வா என்று அவனைக் கூப்பிட்டேன்.