போ என்று காட்டிய கை

ஜூன் 4, புதன்

காலையிலேயே வெயில். கடல் காற்று துளிகூட இல்லை. டிஸ்பென்சரியில் கூட்டம்: வாந்திபேதி இரண்டு, கட்டி ஒன்று, சும்மா பேச வந்தவர்கள் மீதிப் பேர்.

காரின் வலது கைகாட்டி, திரும்பும் பக்கத்தைக் காட்ட வெளியே எழும்பும் சின்னப் பட்டை, மறுபடி எழும்பவில்லை. ஸ்விட்சைத் திருப்பினால் கதவோரத்தில் ஒரு 'டிக்', அவ்வளவுதான். மெக்கானிக் நோண்டிப் பார்த்துவிட்டு, "உப்புக் காத்தும்மா. துரு புடிச்சிக்கினு கீது. இனிமே கையத்தான் நீட்டணும்." நீட்டுகிறேன். திரும்ப, நிறுத்த, பின்னால் வருபவனை முன்னே விட, எல்லாவற்றுக்கும் ஒரு கை.

ஹார்பர் ஆபீசிலிருந்து வந்த அண்ணன் சாப்பாட்டில்: "ராயபுரம் கேட்டுகிட்ட உன்னப் பார்த்தேன். கைவண்டிக்காரனுக்கு நின்னு வழி விடறே. பின்னாடி நாலு லாரி கத்துது. டாக்டர் வேலை பாக்கறியா, போலீஸ் வேலை பாக்கறியா?" அண்ணி சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். அவன் வீட்டில் இருக்கிறேன். சிரிக்காமல் முடியுமா.

கத்தரிக்காயில் உப்பு அதிகம். சொல்லவில்லை.

ஜூன் 5, வியாழன்

எண்ணூர்ப் பக்கம் ஒரு பிரசவம். தலைச்சன். பெண். மாமியார் குழந்தையைப் பார்த்ததும் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். கண்டபடி திட்டிவிட்டு வந்தேன்.

திரும்பும்போது திருவொற்றியூர் குப்பத்து முனையில் தனம். போன வருஷம் அவளுக்கு மூன்றாவது பிரசவம் பார்த்தேன். தலையில் மீன் கூடை, ரோட்டைக் கடக்க நின்றிருந்தாள். நிறுத்தினேன்.

"இன்னா டாக்டரம்மா, எனக்காவ வண்டிய நிறுத்திக்கினே? நானு இன்னா கவுனரு பொண்டாட்டியா?"

"போ போ, மீன் கெட்டுடும்."

கடந்து போய் அந்தப் பக்கம் நின்று, கூடையைப் பிடித்தபடி முழு உடம்பையும் திருப்பிச் சிரித்தாள். தலையில் கூடை இருந்தால் கழுத்தைத் தனியாகத் திருப்ப முடியாது. நாள் முழுக்க மனசு லேசாக இருந்தது. இந்த ரோட்டில் மரியாதை தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று ஒரு கர்வம். இங்கே எழுதலாம், யார் பார்க்கப் போகிறார்கள்.

ஜூன் 7, சனி

விளக்கு வைக்கும் நேரம். எழுதிவிட வேண்டும்.

எண்ணூரிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். அதே முனை. இடது பக்கம் தனம், கூடையோடு. நிறுத்தினேன். முன் கண்ணாடி முழுக்க மணலும் உப்பும், உள்ளேயிருந்து காட்டினால் அவளுக்குத் தெரியாது. அதனால் வலது கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, முன்னால் வீசி, "போ" என்று காட்டினேன். அவள் பார்த்தாள். இறங்கினாள்.

பின்னால் ஒரு கரி லாரி வந்தது எனக்குத் தெரியாது. பார்க்கவில்லை. அவனும் என் கையைப் பார்த்திருக்கிறான். முன்னே போ என்று தனக்குத்தான் காட்டுவதாக நினைத்து வலது பக்கமாக ஏறி வந்தான். தனம் என் வண்டி மூக்கைத் தாண்டி ஒரு அடி வைத்தாள். லாரி வந்த பக்கம் அவள் தலை திரும்பவே இல்லை.

சத்தம் பெரிதாக இல்லை. கூடை என் பானெட் மேல் விழுந்தது. வஞ்சிர மீன்.

புடவையைக் கிழித்து அவள் காலை நான்தான் கட்டினேன். டிரைவர் இறங்கி வந்து பக்கத்தில் மண்டியிட்டான். பெயர் முனுசாமி, பிறகு தெரிந்தது. காயத்தை அவனையே அழுத்திப் பிடிக்கச் சொன்னேன். பிடித்தான். ஜனங்கள் அவன் முதுகில் அடித்துக்கொண்டிருந்தார்கள், அவன் கையை எடுக்கவில்லை. என்னை ஒருவரும் தொடவில்லை. "டாக்டரம்மா இருந்ததால உசுரு பொழச்சிது" என்றாள் ஒரு கிழவி.

ஜூன் 8, ஞாயிறு

வலது கால் போயிற்று. முட்டிக்கு மேலே. பெரிய ஆஸ்பத்திரியில் எடுத்தார்கள். டிரெஸ்ஸிங் சுத்தமாகத்தான் இருக்கிறது. மயக்கத்தில் இருந்தாள்.

வீடு வந்தால் கூடத்தில் இன்ஸ்பெக்டர். அண்ணனுக்குத் தெரிந்தவர். காபி பாதி குடித்தாகிவிட்டது. அண்ணன் சொல்லிக்கொண்டிருந்தான்: "இவ வண்டி ஓரமா நின்னுக்கிட்டிருந்தது சார், அவ்வளவுதான். கையெல்லாம் ஒண்ணும் காட்டலே."

"காட்டினேன்" என்றேன்.

அண்ணி பாத்திரம் கழுவுவதை நிறுத்தினாள். இன்ஸ்பெக்டர் என்னைப் பார்க்காமல் அண்ணனிடம், "ரெண்டு நாள் ஆகட்டும். அம்மா அதிர்ச்சியில இருக்காங்க."

அவர் போனபின் அண்ணன்: "நீ காட்டினேன்னு சொன்னா என்ன ஆகும் தெரியுமா? குப்பத்துல ஒரு பொம்பள உன்கிட்ட வருவாளா? டிஸ்பென்சரி மேல கல்லு விழும். உன் லைசென்ஸ் போகும், என் பேரு போகும்."

"நெஜம் அதானே?"

"நெஜத்த வச்சிக்கிட்டு அவளுக்குக் காலு ஒட்டப் போறியா?"

சாப்பிட்டேன். அதுதான் வெட்கம், நன்றாகவே சாப்பிட்டேன்.

ஜூன் 10, செவ்வாய்

புழுக்கம். துணி காயவில்லை.

முனுசாமி வந்தான். ஜாமீனில் விட்டிருக்கிறார்கள். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. வாசலிலேயே நின்றான்.

"அம்மா, நீங்க கை காட்னீங்க. நா வேற ஒண்ணும் கேக்க வரலே. அத்த மட்டும் டேசன்ல சொல்லுங்க. லைசென்ஸ் எடுக்கச்சொல்லோ அப்டித்தான் சொல்லிக் குட்தாங்க. முன்ன இருக்கறவன் கைய வீசனா வழி உட்டுட்டான்னு அர்த்தம்னு."

சரியாகத்தான் சொன்னான். நானும் அதைத்தான் படித்தேன்.

வாயைத் திறப்பதற்குள் அண்ணி எனக்கு முன்னால் வந்து நின்றாள். "ஒரு பொம்பள கால ஒடச்சிட்டு, இன்னொரு பொம்பள மேல பழி போட வந்தியா? போய்யா."

அவன் என்னைப் பார்த்தான். நான் அண்ணியின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கதவு சாத்தப்பட்டது.

ஜூன் 11, புதன்

ஆஸ்பத்திரி. தனம் விழித்திருந்தாள். ஆரஞ்சு கொண்டுபோனேன். அதைப் பார்த்துவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டாள்.

நானே சொன்னேன்: "தனம், நாளன்னைக்கு ஸ்டேஷன்ல சொல்லிடப் போறேன். நான் கை காட்டினதாலதான் நீ எறங்கினே."

"ஒண்ணியும் சொல்லாதே."

"ஏன்?"

"உங்க அண்ணி வந்துச்சி நேத்து. எங்கூட்டுக்காரருக்கு ஆர்பர்ல வேலை போட்டுத் தராராம் உங்க அண்ணாத்தே. நிரந்தர வேல. நீ கை காட்டலே, நானாத்தான் பூந்தேன், லாரிக்காரன் கண்ணு மண்ணு தெரியாம வந்தான். அப்டிச் சொல்லிட்டேன். ரேகையும் வச்சிட்டேன்."

"அந்த ஆளு ஜெயிலுக்குப் போவான், தனம்."

"போவட்டும். ஆம்பள, போயிட்டு வந்துருவான். எனுக்குக் காலு திரும்பி வருமா?" அதே குரலில், "இன்னாத்துக்குக் கை காட்னே நீ? நா பாட்டுக்கு நின்னுக்கினு இருந்தேன். எனுக்கு ஒண்ணியும் அவசரம் இல்லியே."

பக்கத்துக் கட்டில்காரி ஆரஞ்சைக் கேட்டாள். கொடுத்துவிட்டு வந்தேன்.

ஜூன் 13, வெள்ளி

ஸ்டேஷன் போனேன். அண்ணனிடம் சொல்லாமல். எல்லாவற்றையும் சொன்னேன்: கை, கண்ணாடி மண், பின்னால் பார்க்காதது. இன்ஸ்பெக்டர் மரியாதையாகக் கேட்டார். பேனாவைத் திறக்கவே இல்லை.

"அடிபட்டவளே கை காட்டலேன்னு சொல்லிட்டா. உங்க அண்ணனும் சொல்லிட்டார். அவங்க எல்லாம் ஒரே மாதிரி சொல்றப்போ நீங்க ஒருத்தர் வேற மாதிரி சொன்னா கேசு குழம்பும். லாரிக்காரனுக்கு இது புதுசில்லேம்மா. இவனுங்க தெனம் ஒருத்தன அடிக்கறவனுங்க."

"முனுசாமி இதுக்கு முன்னாடி யாரையாவது அடிச்சிருக்கானா?"

"இல்லே. ஆனா அடிப்பான்."

சோடா வரவழைத்தார். குடிக்கவில்லை. அதற்கு மேல் நான் ஒன்றும் செய்யவில்லை.

ஜூன் 18, புதன்

டிஸ்பென்சரியில் கூட்டம் முன்னைவிட அதிகம். தனத்தின் உயிரைக் காப்பாற்றியவள் என்று பேராம். ஒருத்தி காலைத் தொட்டுக் கும்பிட்டாள். "எழுந்திரு, எழுந்திரு" என்று கத்திவிட்டேன். பயந்து அழுதாள். அவளுக்கு இரும்புச்சத்து மருந்து, வயிற்றுப் பூச்சிக்கு மாத்திரை.

ஜூன் 24, செவ்வாய்

கோர்ட். என்னைக் கூப்பிடவில்லை, நானாகப் போனேன். கூப்பிட்டால் சொல்லிவிடுவது என்று காலையிலிருந்து வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

லாரி முதலாளியின் வக்கீல் முனுசாமியைக் குற்றத்தை ஒத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். ஒத்துக்கொண்டால் குறையும், முதலாளிக்கும் அலைச்சல் இல்லை. ஒத்துக்கொண்டுவிட்டான். சாட்சியே தேவைப்படவில்லை. மாஜிஸ்திரேட் பேசியது கொஞ்ச நேரம்தான். அதில் எனக்கும் ஒரு வாக்கியம்: சமயோசிதமாக உயிர் காத்த லேடி டாக்டரைக் கோர்ட் பாராட்டுகிறது.

ஆறு மாதம்.

வராந்தாவில் அவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். கண் வீக்கம் வடிந்திருந்தது. என்னைப் பார்த்ததும் கும்பிட்டான். பழக்க தோஷம். பெரிய மனுஷியைப் பார்த்தால் கும்பிடுகிற கை. பதிலுக்கு என் கை எழும்பவில்லை.

சாயங்காலம் அண்ணன் ஜிலேபி வாங்கி வந்தான். தன் ஆபீசில் யாருக்கோ பிரமோஷன் என்றான்.

ஜூலை 2, புதன்

தனத்தின் புருஷனுக்கு ஹார்பர் வேலை ஆகிவிட்டது. அண்ணன் வாக்குத் தவறாதவன், அதைச் சொல்ல வேண்டும். கட்டுமரத்தை விற்றுவிட்டானாம். அண்ணி சொல்கிறாள், அவன் வேறு பெண் பார்க்கிறானாம். "நொண்டிய வச்சிக்கிட்டு என்ன பண்ணுவான், பாவம்." பாவம் என்றது அவனை.

ஜூலை 12, சனி

மழை தூறி நின்ற காலை. இன்று தனத்தை விடுகிறார்கள் என்று வண்டி எடுத்துக்கொண்டு போனேன். பின் ஸீட்டில் தலையணை, போர்வை எல்லாம் போட்டு வைத்திருந்தேன்.

புருஷன் வரவில்லை. மாமியாரும் கொழுந்தனும்தான். கொழுந்தன் மீன் கைவண்டி கொண்டுவந்திருந்தான்.

"வண்டியில ஏத்துங்க" என்றேன்.

தனம் என்னிடம் பேசவில்லை. கொழுந்தனிடம் சொன்னாள்: "அந்தம்மா வண்டியில ஏற மாட்டேன். தூக்கி இதுல போடு."

போட்டான். மீன் வாடை அடிக்கும் பலகை மேல் கோணி. அவன் இழுக்க, மாமியார் பக்கத்தில் நடக்க, நான் பின்னாலேயே மெதுவாக ஓட்டினேன். ஏன் என்று தெரியாது. இவ்வளவு தூரம் அவளைத் திறந்த ரோட்டில் விட மனசில்லை. தனம் பின்பக்கம் பார்த்துப் படுத்திருந்தாள். முகம் நேராக எனக்கு. தண்டையார்ப்பேட்டை தாண்டி, திருவொற்றியூர் வரை. கண்ணை ஒரு தடவைகூட எடுக்கவில்லை.

எனக்குப் பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. வழி கேட்டான். கை நீட்டினால் போய்விடுவான். இரண்டு கையும் ஸ்டியரிங்கிலேயே வைத்திருந்தேன். க்ளீனர் தலையை வெளியே நீட்டி என் அம்மாவைப் பற்றி ஏதோ சொன்னான்.

குப்பத்துச் சந்துக்குள் கைவண்டி திரும்பியது. நானும் திருப்பினேன். ஜனங்கள் குடிசைகளிலிருந்து வந்து பார்த்தார்கள். மாமியார் நின்று என் ஜன்னலிடம் வந்தாள்.

"தாயி, இதுக்கு மேல வராதே. அவ கண்ண மூடமாட்டேங்குறா உன்னப் பாத்துக்கினு. திரும்பிப் போயிடு."

சந்தில் திருப்ப இடமில்லை. ரிவர்ஸ் போட்டேன். பின்னால் குழந்தைகள் கூடி நின்றிருந்தார்கள். ஹாரன் அடித்தேன், நகரவில்லை. இறங்கி, ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து ஓரத்துக்கு இழுத்து விட்டேன். கடைசிப் பையன் கையை உதறிவிட்டு, "தொடாதே" என்றான்.