கீழறையைக் காலி செய்த பிறகு

அன்புள்ள மகளுக்கு,

பதினொரு மாதம் வாயை மூடிக்கொண்டு இருந்தாயிற்று, இனிப் போதும் என்று தோன்றியதால் எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம், அம்மாவுக்கு வலது முழங்கால் மட்டும் புதிது. நீயும் அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, நின்று நின்று வீங்கும் காலுக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுத்துக்கொண்டு இருக்கிறாய் என்று நம்புகிறேன். நீ போன் செய்யும்போதெல்லாம் அப்பா குளிக்கிறார் என்று அம்மா சொல்லிவந்தாள். அதை நீ நம்பியிருக்க மாட்டாய். பதினொரு மாதம் ஒரு மனுஷன் குளித்துக்கொண்டே இருக்க முடியாது. கோபத்தில்தான் இருந்தேன். அந்தக் கோபம் நியாயமானது என்று பாதி மனம் இன்னமும் சொல்கிறது, மற்றப் பாதிதான் இதை எழுதுகிறது.

போன வருஷம் நீ வந்திருந்தபோது கீழறை வாசலில் நின்று சொன்னது எனக்கு எழுத்துப் பிசகாமல் நினைவிருக்கிறது. “இங்க இருக்கறது சாமான் இல்லப்பா, எல்லாம் சண்டை. அம்மாவால படி ஏற முடியல, உங்க சண்டைக்குத் தனி ரூமா?” என்றாய். சித்தப்பா பக்கத்தில் நின்றார், சிரித்தார். நீ சொன்னதைக்கூட ஒரு வாரத்தில் மறந்திருப்பேன், அவர் சிரித்ததை மறக்க முடியவில்லை. அது போதாது என்று நீ ஊருக்குத் திரும்பிய பிறகு, போனில் உன் வீட்டைப் பார்த்துவிட்டு, “ஒரு கட்டில், ஒரு மேஜை, நாலு தட்டு, பொண்ணு அங்க ரொம்பக் கஷ்டப்படுது போல, ஏதாச்சும் அனுப்பக் கூடாதா?” என்று என்னிடமே கேட்டார். எனக்கும் உள்ளுக்குள் அப்படித்தான் பட்டது என்பதால் இன்னும் எரிச்சல். வீடு நிறையச் சாமான் வைத்திருக்கிற அப்பனுக்கு இப்படி ஒரு வெறும் சுவர்க்காரி எங்கிருந்து வந்தாள் என்று நினைத்தேன்.

போன மாதம் அம்மாவுக்கு அறுவை முடிந்ததும் ஆறு மாதம் படி ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நம் படுக்கையறை மாடியில். கூடத்தில் கட்டிலைப் போட்டுச் சுற்றி ஒரு திரை கட்டிவிடலாம் என்று நான் யோசனை சொன்னேன், நல்ல யோசனை என்றே நினைத்தேன். அம்மா ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே என்னை ஒரு பார்வை பார்த்தாள். “சுத்தாத ஃபேனுக்கு ரூமு, எனக்குத் திரைத்துணியா? அந்த ரூம் காலியாகட்டும், என் கட்டிலை அதுல போடுங்க, அப்புறம் போன் பண்ணுங்க. அதுவரைக்கும் நான் தங்கச்சி வீட்டுல இருக்கேன்” என்று சொல்லிவிட்டாள். இருபத்தொன்பது வருஷத்தில் என்னிடம் நிபந்தனை என்று ஒன்று அவள் போட்டதில்லை. நான் சும்மா சொல்கிறாள் என்று இருந்தேன், அவள் நேராகச் சித்தி வீட்டுக் காரில் ஏறிப் போய்விட்டாள். வீட்டுக்கு வந்து பார்த்தால் சாப்பாட்டு மேஜையில், நீ அம்மாவுக்கு அனுப்பியிருந்த, உன் ஆஸ்பத்திரிக்காரர்கள் அச்சடித்த மாதப் பத்திரிகை, உன்னைப் பற்றிய பக்கத்தில் பிரித்து வைத்திருந்தது, அதன்மேல் என் மூக்குக்கண்ணாடி. அறுவைக்குக் கிளம்பும் முன்பே வைத்துவிட்டுப் போயிருக்கிறாள், நான்தான் அலைச்சலில் கவனிக்கவில்லை. ஒரு சொல் எழுதிவைக்கவில்லை. அவள் எழுதினால் ஒரு வரி எழுதுவாள், எழுதாமல் விட்டால் ஒரு புத்தகம்.

படித்தேன். மூன்று தரம் படித்தேன், நடுவில் அகராதியும் பார்த்தேன். அறுவை அரங்கில் ஒரு தட்டுக்கு எண்பத்து மூன்று கருவிகள், அத்தனையும் ஒவ்வொரு அறுவைக்கும் கழுவிக் கொதிக்கவைத்து அடுக்கித் தூக்கிக்கொண்டு வருகிறீர்கள், நீ ஐந்து மாதம் ஒவ்வொரு அறுவையும் முடிந்தபின் எந்தக் கருவியில் கை பட்டது, எதில் படவில்லை என்று குறித்துக்கொண்டே வந்திருக்கிறாய், கை பட்டவை முப்பதை ஒட்டித்தான் என்று கண்டிருக்கிறாய். மூத்த மருத்துவர் ஒருவர் இருபத்தாறு வருஷமாக இதே தட்டுதான் என்று முறைத்தபோது, நீங்கள் அந்தக் கருவியைத் தொட்டு நான் ஒரு நாளும் பார்த்ததில்லை என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறாய். இப்போது தட்டில் முப்பத்தாறு. தூக்குகிற பெண்களுக்கு மணிக்கட்டு வலி குறைந்துவிட்டதாம். கடைசிப் பத்திக்குப் பக்கத்தில் உன் படம், தலைக்கு அந்தப் பச்சைத் தொப்பி, சிரிக்காமல் முறைத்துக்கொண்டு, அப்படியே என் முகம். மறுநாள் அதைப் பிரதி எடுத்து அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். எங்கள் ஆவண அறைக்கு இப்போது கண்காணிப்பாளராக இருக்கிறாரே, என்னைத் தாண்டி மேலே ஏறியவர், அவர் மேஜையில் வேண்டுமென்றே போட்டேன். “உங்க பொண்ணா சார், நர்ஸுன்னு சொன்னீங்களே?” என்றார். ஆமாம், நர்ஸ்தான், எண்பத்து மூன்றை முப்பத்தாறு ஆக்கிய நர்ஸ் என்றேன். அன்று சாயங்காலம் வீட்டுக்கு நடந்தே வந்தேன், கால் வலிக்கவில்லை.

சரி, மகள் வழியிலேயே போவோம் என்று அந்தச் சனிக்கிழமை நோட்டும் பேனாவுமாகக் கீழறைக்குள் போனேன். ஒவ்வொரு பொருளாக எழுதி, போன ஒரு வருஷத்தில் கை பட்டதா இல்லையா என்று குறிப்பதாக ஏற்பாடு. இங்கேதான் உன் அப்பன் தன் புத்தியைக் காட்டினான். முதலில் உன் மாமா புதுவீட்டுக்குக் கொடுத்த மேஜை ஃபேன். ஒரே வாரத்தில் புகைந்து நின்றது, அவர் என்றாவது வந்தால் காட்டுவதற்காகப் பதினேழு வருஷமாக வைத்திருக்கிறேன். கை பட்டதா? பட்டது. வருஷா வருஷம் அதைத் துடைக்கிறேன், துடைக்கும்போது அவரைத் திட்டுகிறேன். ஆகவே பயன்பாட்டில் உள்ளது என்று எழுதினேன். கொத்தனார் குளியலறையில் கோணலாக ஒட்டிய ஓடுகளில் மீந்த ஒரு பெட்டி, அதையும் போன மழையில் திறந்து பார்த்துப் பல்லைக் கடித்தேன், பயன்பாட்டில் உள்ளது. பிரிவினையில் பெரியப்பா நல்ல பீரோவை எடுத்துக்கொண்டு எனக்குத் தள்ளிவிட்ட கதவு மூடாத பீரோ, பதவி உயர்வுக்காக நான் கொடுத்த மனுக்களின் நகல் நாலு அட்டைப்பெட்டி, உத்தரவாதத்தை மறுத்த கடைக்காரனின் சுவர்க்கடிகாரம், எல்லாமே பயன்பாட்டில் உள்ளது. இரண்டு நாளில் இருநூற்றுப் பதினான்கு பொருள் எழுதினேன், கழிக்கத் தகுந்தது ஒரு குடை. அந்தக் குடையையும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் போய் எடுத்துவந்துவிட்டேன். இந்தப் பட்டியலை உனக்கு அனுப்பி, பார், உன் முறைப்படியே செய்தேன், என் அறையில் வீண் என்று ஒன்றும் இல்லை என்று எழுதவும் இருந்தேன். உறை வாங்கியாயிற்று.

பீரோவுக்குப் பின்னால் இருப்பதையும் எழுதினால்தான் பட்டியல் முழுமையாகும் என்று ஞாயிற்றுக்கிழமை அதை முதுகு கொடுத்து நகர்த்தினேன். பின்னால் என் அலுமினிய மடக்கு ஏணி நின்றுகொண்டிருந்தது. எதிர்வீட்டுத் தையற்காரர் ஒன்பது வருஷத்துக்கு முன் வாங்கிக்கொண்டுபோய்த் திருப்பித் தராத ஏணி. திருப்பிக் கொடுத்தேன் சார், நீங்க ஆபீஸ்ல இருந்தீங்க, அந்த ரூம்ல சாத்தி வச்சேன் என்று அவர் எத்தனை தரம் சொன்னார். நான் அவர் கடை வாசலில், துணி தைக்க வந்தவர்கள் முன்னால், ஏணியை முழுங்கினவன் என்று சொன்னேன். அதன்பின் சட்டை தைக்க நாலு தெரு தள்ளிப் போனேன், அவன் ஒரு தோளை ஏற்றி ஒரு தோளை இறக்கித் தைப்பான், அதைப் போட்டுக்கொண்டே ஒன்பது வருஷம் வேலைக்குப் போனேன். இப்போது யோசித்தால் புரிகிறது. அவர் ஏணியைச் சாத்திய அதே நாள் சாயங்காலம்தான் பெரியப்பா வீட்டுப் பீரோ வந்து இறங்கியது. தூக்கிவந்தவர்கள் கண்ட இடத்தில் தள்ளிவைத்தார்கள், நான் வாசலில் நின்று போனில் பெரியப்பாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். ஒரு சண்டையைக் கொண்டுவந்து இன்னொரு சண்டையை மூடியிருக்கிறேன்.

ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு தெருவைத் தாண்டினேன். தூரம் இருபது அடி இருக்கும். அவர் வாயில் குண்டூசிகளைக் கடித்துக்கொண்டு ஒரு பாவாடைக்கு விளிம்பு மடித்துக்கொண்டிருந்தார். ஏணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஊசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்து மெத்தையில் குத்தினார். பீரோவுக்குப் பின்னால் இருந்தது, நான் சொன்னது தப்பு என்றேன். அவர் என்னைத் திட்டவில்லை. “ஒன்பது வருஷமா எம் பொண்டாட்டி கேக்கறா சார், நிஜமாவே குடுத்தீங்களா இல்லையான்னு. உள்ள வாங்க, அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க” என்றார். போனேன். அந்த அம்மாள் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். சொன்னேன். “நல்லவேளை, நாங்க உயிரோட இருக்கும்போதே கெடைச்சுது” என்றாள். சொல்லிவிட்டு அடுத்த துணியை எடுத்து உதறினாள்.

எங்கள் ஆவண அறையில் ஒரு வழக்கம் உண்டு, ஒரு கோப்பை அடுக்கிவைத்தவரே அதைக் கழிக்கக் கூடாது, வேறொருவர் வந்து பார்த்துச் சொல்ல வேண்டும். வைத்தவனுக்கு எல்லாமே முக்கியமாகத் தெரியும் என்று யாரோ அறிந்து போட்ட விதி. முப்பது வருஷம் அலுவலகத்தில் கடைப்பிடித்ததை வீட்டில் மறந்தேன். தையற்காரரையே கூப்பிட்டேன். வந்தார், காதில் செருகியிருந்த சீமைச்சுண்ணாம்பை எடுத்தார். நான் பட்டியலை நீட்டினேன், வாங்கவில்லை. ஒவ்வொரு பொருளையும் காட்டி, “இது எதுக்கு?” என்று கேட்பார் என்று பதில் தயாராக வைத்திருந்தேன். அவர், “இது யார் மேல சார்?” என்று கேட்டார். ஃபேனுக்கு உன் மாமா என்றேன், ஒரு பெருக்கல் குறி போட்டார். ஓடுகளுக்குக் கொத்தனார் என்றேன், குறி போட்டார். பத்துப் பொருளுக்குப் பிறகு கேட்பதையும் விட்டுவிட்டார், “இது மாமாவா, பெரியப்பாவா?” என்று தானே சொல்லிக் குறி போட்டுக்கொண்டு போனார். கதவு மூடாத பீரோவைத் தட்டிப் பார்த்து, “கீல்தான் சார் போயிருக்கு, உங்க அண்ணனைத் திட்டுன நேரத்துல ஒரு திருகாணி போட்டிருக்கலாம்” என்றார். நானே சிரித்துவிட்டேன், ஆனால் பீரோவைக் கொடுத்துவிட்டேன், அதை வைத்துக்கொண்டு சிரிக்க என்னால் ஆகாது.

உன்னிடம் சொல்ல வேண்டியது இனிதான் வருகிறது. மனுப் பெட்டிகளுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் உறையை அவர் எடுத்தார். உனக்குப் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்த கடிதம், எட்டு வருஷத்துக்கு முன் நீ வேண்டாம் என்று தள்ளிவிட்டு நர்ஸ் படிப்புக்குப் போனாயே, அது. ஒரு நாள் நீ வந்து தப்புப் பண்ணிட்டேம்பா என்று அழுவாய், அப்போது எடுத்து உன் முன்னால் வைக்க வேண்டும் என்று கசங்காமல் வைத்திருந்தேன். தையற்காரர் உன் பெயரைப் படித்தார், கேட்க வாயெடுத்தார், என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கவில்லை. குறியும் போடவில்லை. “டீ குடிச்சுட்டு வரேன்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுகள் இருந்த பெட்டிமேல் உட்கார்ந்திருந்தேன். நீ ஐந்து மாதம் நின்றுகொண்டே எண்பத்து மூன்று கருவிகளைக் குறித்தபோதும், அந்த மூத்த மருத்துவரிடம் பேசியபோதும், உன் தோல்விக்கான அத்தாட்சி இங்கே என் அறையில் பத்திரமாக இருந்திருக்கிறது. கிழித்தேன். கெட்டிக் காகிதம், நாலாகக் கிழித்தபின் எட்டாகக் கிழிய மறுத்தது, ஆனாலும் கிழித்தேன்.

பழைய சாமான்காரனுக்கு இரண்டு வண்டி போயிற்று. சுவருக்கு வெள்ளை நானே அடித்தேன், மூலைகளைப் பார்க்காதே. போன வியாழக்கிழமை அம்மாவுக்குப் போன் செய்தேன், சித்தியும் சித்தப்பாவும் கொண்டுவந்து விட்டார்கள். நடைச்சட்டத்தை ஊன்றிக்கொண்டு வாசலில் நின்று அறையைப் பார்த்தாள். ஒரு கட்டில், ஒரு நாற்காலி, தண்ணீர் வைக்க ஒரு முக்காலி. “இங்க இவ்ளோ பெரிய ஜன்னலா இருந்துச்சு?” என்று கேட்டாள், பீரோ மறைத்திருந்த ஜன்னலை. பிறகு போய்க் கட்டிலில் உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டாள். சித்தப்பா சுற்றிப் பார்த்துவிட்டு, என்ன அண்ணே, பொண்ணு வீடு மாதிரியே ஆக்கிட்டீங்க என்றார். கேலிதான். நான், ஆமாம், என் பொண்ணு வீடு மாதிரிதான் என்றேன். இதைச் சொல்ல எனக்கு இத்தனை மாதம் பிடித்தது.

நான் திருந்திவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. மனுக்களில் ஒரு பெட்டி மாடியில் இருக்கிறது. ஓய்வுபெற இன்னும் ஒரு வருஷம், அதுவரை கோபப்பட எனக்கும் ஏதாவது வேண்டும். மாமாவை மன்னிக்கவில்லை, ஃபேனைத்தான் அனுப்பினேன். நீ அடுத்து வரும்போது ஒரே பெட்டியோடு வா, எங்களுக்கு என்று எதையும் வாங்கிச் சுமக்காதே. ஆனால் குறைக்கிறேன் என்று போர்வையையும் குறைத்துவிடாதே, குளிருக்கு இரண்டாவது வைத்துக்கொள், இது அம்மா சொல்லச் சொன்னது. ஞாயிற்றுக்கிழமை போன் செய், நான் குளித்துக்கொண்டிருக்க மாட்டேன். நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும் கண்ணு, கையும் காலும் திடமாக, யாருக்கும் பயப்படாமல் நூறு வருஷம் இரு.

எழுதியதை ஒரு தரம் படித்துப் பார்த்தேன். கீழே கையெழுத்துப் போடப் பேனாவை வைத்தேன், எடுத்துவிட்டேன். என் பெயரும் தேதியும் இருந்தால் நீ இதைப் பத்திரப்படுத்துவாய், அப்பா தப்பை ஒத்துக்கொண்ட காகிதம் என்று எங்காவது ஒரு பெட்டியில் போட்டு வைப்பாய், என் ரத்தம்தானே நீ. அது வேண்டாம். படி, கிழித்துப் போடு. எழுத்தைப் பார்த்தாலே யார் என்று உனக்குத் தெரியும், கையெழுத்துப் போடாமலே தபாலில் சேர்க்கிறேன்.