இடுப்பளவு எழும்பிய சுவர்

அக்கா,

இன்று காலை நம் தெருவில் அங்சானா மரங்களின் கிளைகளைக் கழித்தார்கள். நகராண்மைக் கழகத்து லோரி ஒன்று மூலை வீட்டுப் பக்கம் வந்து நின்றது. ரம்பம் ஓட ஓடப் பச்சை மரத்தின் வாடை என் சமையலறை வரைக்கும் வந்துவிட்டது. அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்தேன். பழக்கத்தில் முதலில் உங்கள் வீட்டைத்தான் பார்த்தேன். இந்த வாடை வந்துவிட்டால் நீங்கள் கைலியும் டீ சட்டையுமாக நடுரோட்டுக்கு வந்துவிடுவீர்கள். எத்தனை கிளை, எந்தக் கிளை, யார் சொல்லி வெட்டுகிறீர்கள் என்று மலாயில் கேட்டு, உத்தரவுப் பேப்பரைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகுதான் நகர்வீர்கள்.

இன்றைக்கு அந்த ஆட்கள் என்னிடம் வந்து கேட்டார்கள். இப்போது குடியிருப்பாளர் சங்கத்துத் தலைவர் நான்தான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இவ்வளவு போதுமா, இன்னும் எடுக்கவா என்றார்கள். எனக்குத் தெரியவில்லை அக்கா. உங்களுக்குத் தெரிந்தபடி செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். மதியம் பார்த்தால் தெரு மொட்டையடித்த மாதிரியும் இருக்கிறது, வெளிச்சமாக நன்றாகவும் இருக்கிறது. நீங்கள் இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அப்படியே இதை எழுத ஆரம்பித்துவிட்டேன்.

நீங்களும் நானும் டுரியான் துங்கால் பக்கத்துத் தோட்டங்களில் பிறந்தவர்கள். வேறு வேறு தோட்டம். புக்கிட் காத்திலில் இந்தத் தாமான் குடியிருப்பில் வீடு வாங்கி வந்த பிறகுதான் பழக்கம். வக்கீல் ஆபீஸில் முப்பது வருடம் தட்டச்சு செய்து ஓய்வு பெற்றவர் நீங்கள். சட்டத்தின் மொழி உங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. குடியிருப்பாளர் சங்கம் என்று நீங்கள் தொடங்கியபோது தெருவில் பாதிப் பேர் சிரித்தார்கள். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற மலாய்க்காரர் பாக் டின் மட்டும் சிரிக்காமல் பொருளாளர் ஆனார். என்னைச் செயலாளர் ஆக்கினீர்கள். எதற்கு என்று கேட்டேன். "ஒனக்குக் கையெழுத்து அழகு, வாயி கம்மி" என்றீர்கள்.

மூலை வீட்டு விஷயம் அதற்குப் பிறகு வந்தது. அந்த வீட்டை வாங்கியவர் நம்மவர்தான். வீட்டை இடித்துப் பெரிதாக்கிக் கார் பட்டறை வைக்கப்போவதாக மனுப் போட்டார். அக்கம்பக்கத்தார் கருத்துக் கேட்கக் கழகம் நம்மைக் கூப்பிட்டது. நீங்கள் தாமானின் பழைய வரைபடத்தை மேசையில் விரித்தீர்கள். இது குடியிருப்பு நிலம், தெருவின் அகலம் இவ்வளவு, பள்ளிக்கூட வேன் இந்த மூலையில்தான் திரும்புகிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னீர்கள். குரல் ஏறவே இல்லை. மனு தள்ளுபடியானது. வெளியே படிக்கட்டில் அந்த மனிதரின் மனைவி அழுதுகொண்டு நின்றாள். நீங்கள் அவளைத் தாண்டி நடக்கவில்லை, பேசவும் இல்லை. அவள் அழுது முடிக்கும் வரை பக்கத்தில் நின்றுவிட்டு வந்தீர்கள்.

தமிழனுக்குத் தமிழனே குழி பறிக்கிறான் என்று கோயிலில் பேசினார்கள். அதை உங்களிடம் வந்து சொன்னேன். "ரோடுங்கறது எல்லா வீட்டுக்கும் பொதுவான ஹாலு லா. ஆளாளுக்குக் காலை நீட்டினா நடக்கறதுக்கு எடம் ஏது?" என்றீர்கள். தோட்டத்து லயத்து வீட்டில் ஓர் ஆணி அடிக்கவும் மேனேஜரிடம் கேட்க வேண்டியிருந்ததையும் சொன்னீர்கள். "இங்க நாமளே விதி போடுறோம், நாமளே கேக்குறோம். அதுல ஒரு மரியாதை இருக்கு." எனக்கு அன்று அது பிடித்திருந்தது.

அடுத்த வருடம் என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்தது.

இருபத்தெட்டு வருடம் லோரி ஓட்டியவர். வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் குழறியது. எங்கள் வீட்டு அறைக் கதவுகளில் சக்கர நாற்காலி நுழையவில்லை. குளியலறைக்கு ஒரு படி வேறு. கொண்ட்ராக்டர் வந்து பார்த்துவிட்டு, முன்னால் கார் நிறுத்தும் போர்ச்சை மூடி வேலி வரைக்கும் சுவர் எழுப்பினால் குளியலறையோடு ஓர் அறை கிடைக்கும் என்றார். போர்ச்சுக்குக் கூரை போடலாம், சுவர் வைக்கக் கூடாது என்பது விதி. செயலாளராக அதை நானே எத்தனை வீடுகளுக்கு எழுதியிருக்கிறேன்.

உங்களிடம் வந்து கேட்டேன்.

"பின்னால போடு செல்வி. சமையக்கட்டுல பாதிய எடுத்துக்க" என்றீர்கள்.

"பின்னால போட்டா அவரு பின்சந்து சொவத்தப் பாத்துக்கிட்டுக் கெடக்கணும் கா. ரோட்டப் பாத்தே வாழ்ந்த மனுசன்."

"அப்படின்னா பெர்மிட்டுக்கு எழுது. நானே டைப் பண்ணித் தர்றேன். கெடைக்காது. இருந்தாலும் கேளு" என்றீர்கள்.

கிடைக்காது என்று நீங்களே சொன்னதை எதற்குக் கேட்பது? நான் கேட்கவில்லை. ஒரு சனிக்கிழமை வேலையை ஆரம்பித்துவிட்டேன். சுவர் இடுப்பளவு எழும்பியபோது கழகத்து அதிகாரி வந்து கேட்டில் நோட்டீஸ் ஒட்டினார். வேலையை நிறுத்தி, கட்டியதை இடிக்க வேண்டும். புகார் வந்திருக்கிறது என்றார். யார் என்று அவர் சொல்லவில்லை.

நோட்டீஸைக் கிழித்துக் கையில் எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்தேன். நீங்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நெத்திலி தலையைக் கிள்ளிக்கொண்டிருந்தீர்கள்.

"கா, நோட்டீஸ் வந்துருக்கு."

"தெரியும்."

"யாரு சொன்னதுன்னும் தெரியுமா?"

"நான்தான் செல்வி."

நீங்கள் மறுப்பீர்கள் என்று நினைத்து வந்தேன். மறுத்தால் என்ன பேசுவது என்று வழியெல்லாம் கோத்துக்கொண்டு வந்திருந்தேன். ஒத்துக்கொண்டால் என்ன பேசுவது என்று யோசிக்கவில்லை.

"மூலை வீட்டுப் பொண்ணு அன்னிக்குப் படியில நின்னு அழுதா. அவளுக்கு முடியாதுன்னு சொன்ன வாயி ஒனக்கு மட்டும் சும்மா இருக்கலாமா?"

"அவங்க பட்டறை வைக்க வந்தாங்க. நான் நடக்க முடியாதவருக்கு ரூம்பு கட்டுறேன்."

"ரோட்டுக்கு ரெண்டும் சொவருதான்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல கா? நான் அந்த ஆபீசரு வாயிலயா கேக்கணும்?"

நீங்கள் தலை குனிந்தீர்கள். கையிலிருந்த நெத்திலியைத் தட்டில் போடவும் இல்லை, கிள்ளவும் இல்லை. நான் வெளியே வந்துவிட்டேன்.

இடிக்கிற அன்று கொண்ட்ராக்டரின் ஆட்கள் காலையிலேயே வந்துவிட்டார்கள். முதல் சம்மட்டி விழுந்ததும் என் வீட்டுக்காரர் கூடத்தில் இருந்து ஏதோ குழறினார். அப்போதுதான் நீங்கள் கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தீர்கள். என்னைப் பார்க்காமல் நேரே அவரிடம் போய், "மணியம், வா, வெளிய போவோம்" என்றீர்கள். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பெரிய ரோடு சந்திக்கும் இடத்துக்குப் போய், மரத்தடியில் அவரை வைத்துக்கொண்டு நின்றீர்கள். இடிபாடுகளை அள்ளி முடித்த பிறகுதான் கூட்டி வந்தீர்கள்.

மறுநாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு மறுபடி வந்தீர்கள். கேட்டைப் பூட்டிவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். ஆனால் அவர் நாலரைக்கே நல்ல சட்டை போடச் சொல்லிச் சைகை காட்டி, வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். திறந்துவிட்டேன். உங்களிடம் பேசவில்லை.

அப்படியே பதினொரு மாதம். தினமும் ஐந்து மணிக்கு நாற்காலியைக் கேட் வரை தள்ளி வந்து விட்டுவிட்டு உள்ளே போய்விடுவேன். ஆறரைக்குக் கேட் சத்தம் கேட்டதும் வந்து வாங்கிக்கொள்வேன். நீங்கள் மட்டும் என் முதுகுக்குப் பின்னால் ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பீர்கள். "லோரி டயரு சத்தத்துலயே சரக்கு இருக்கா இல்லையான்னு சொல்லிடுறாரு செல்வி." "இன்னிக்குப் பாக் டின் வந்து அரை மணி நேரம் பேசினாரு." "பாச்சாங்குல இருந்து இவரோட பழைய கூட்டாளி ஒருத்தரு லோரியை நிறுத்திட்டு எறங்கி வந்தாரு." நான் பதில் சொல்ல மாட்டேன். ஆனால் கதவுக்குப் பின்னால் நின்று கேட்பேன். அது உங்களுக்குத் தெரியுமா?

சமையலறையின் பாதியை எடுத்துத்தான் கடைசியில் அவருக்கு அறை கட்டினேன். பின்சந்தைப் பார்த்த அறை. அங்கே அவர் தூங்கினார், அவ்வளவுதான்.

ஒரு நாள் திடீரென்று பெருமழை. நீங்கள் இருவரும் வந்து சேர்ந்தபோது அவர் மேல் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு போர்த்தியிருந்தது. உங்கள் மேல் ஒன்றும் இல்லை. முடியெல்லாம் முகத்தில் ஒட்டி, கைலியில் இருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. அவர் சிரித்துக்கொண்டிருந்தார். நோய் வந்த பிறகு அவர் அப்படிச் சத்தம் போட்டுச் சிரித்து நான் கேட்டதில்லை. துண்டை எடுத்து நீட்டி, "தலையத் தொவட்டுங்க கா" என்றேன். நீங்கள் வாங்கித் துவட்டினீர்கள். அதற்குப் பிறகு பேச்சு பழையபடி வந்துவிட்டது. சுவர்ப் பேச்சை மட்டும் நாம் இருவரும் எடுக்கவே இல்லை. அடுத்த வருடம் அவர் போனபோதும் எடுக்கவில்லை. அதன்பிறகு நமக்கு எத்தனை மாலைகள் இருந்தன, அப்போதும் இல்லை.

இப்போது நீங்களும் இல்லை. உங்கள் பதினாறாம் நாள் காரியத்தில் ஓர் அம்மா என்னைத் தேடி வந்தார். கழகத்தில் கட்டடப் பகுதியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம்.

"நீங்கதானா அந்தச் செல்வி? ஒங்க வீட்டு விசயமா அக்கா ரெண்டு தடவ எங்க கவுண்டருக்கு வந்தாங்க. மொதல்ல கம்ப்ளேன் குடுத்தாங்க. நோட்டீஸ் ஒட்டின மறுநாளே திரும்ப வந்து, நோயாளிக்குக் கட்டுறது, இந்த ஒரு வீட்டுக்கு விட்டுக் குடுங்கன்னு மூணு பக்கத்துக்கு டைப் பண்ணிக் கொண்டாந்தாங்க. நீங்கதானே புகார் குடுத்தீங்க, இப்ப நீங்களே விடச் சொன்னா எப்படின்னு கேட்டேன். 'அதுவும் நான்தான், இதுவும் நான்தான், ரெண்டையும் ஃபைல்ல வைங்க'ன்னாங்க. மேல இருக்கறவங்க ஒத்துக்கல."

அந்த அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார். நான் கையில் இருந்த இலைத் தட்டைக் கீழே வைத்தேன்.

ஏன் அக்கா என்னிடம் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் பதினொரு மாதம் நான் அப்படி நடந்திருக்க மாட்டேனே. நான் கோபப்படட்டும், அதுதான் நியாயம் என்று நினைத்தீர்களா? இல்லை, தோற்றுப்போன கடிதத்தைச் சொல்லிக்காட்ட வெட்கமா? ஐந்து மணிக்கு வந்ததெல்லாம் பாசமா, பரிகாரமா? ஒரு நாள் ஒரு மாதிரி தோன்றுகிறது. அந்த அறை நின்றிருந்தால் அவர் ஜன்னல் கம்பி வழியாக ரோட்டைப் பார்த்திருப்பார். நிற்காததால் ரோட்டிலேயே இருந்தார். இதை நீங்கள் திட்டம் போட்டுச் செய்திருக்க முடியாது. அப்படியானால் நல்லது நடந்ததற்கு யாருக்கு நன்றி சொல்வது, உங்களுக்கா, சம்மட்டிக்கா? இன்னொரு நாள் அவர் அன்று கூடத்தில் குழறிய சத்தம் காதில் விழும். அப்போது உங்களை மன்னிக்க முடிவதில்லை. சாயங்காலம் ஆனால் நீங்கள் வரமாட்டீர்களா என்று இருக்கிறது.

நீங்கள் போன ஏழு மாதத்தில் தெருவில் மூன்று வீடுகள் முன்பக்கத்தை மூடிவிட்டன. ஒருவரும் கேட்கவில்லை. அந்த வழியாக நடக்கும்போதெல்லாம், என் சுவரை மட்டும் எதற்கு இடித்தோம் என்று வருகிறது.

போன ஞாயிறு கூட்டத்தில் பாக் டின் ஒரு கடிதத்தை என் முன்னால் வைத்தார். மூன்று வீடுகள் மீதும் நடவடிக்கை எடுக்கக் கேட்டுச் சங்கத்தின் புகார். இப்போது விட்டால் அடுத்த வருடம் தெருவே இருக்காது என்றார். அவர் சொல்வது சரி. மூன்றில் ஒன்று புதிதாக வந்த கவிதாவின் வீடு. மாமியார் படுக்கையில் இருக்கிறார். அவருக்காகத்தான் மூடியிருக்கிறார்கள். பாக் டின்னிடம் இரண்டு நாள் அவகாசம் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

மறுநாள் சாயங்காலம் கவிதா வீட்டுக்குப் போனேன். அவள் கேட்டைத் திறந்து, "வாங்க ஆன்ட்டி" என்றாள். நான் வெளியிலேயே நின்றேன்.

"ஒன் வீட்டு மேல கம்ப்ளேன் எழுதியாச்சு. கையெழுத்து நான்தான் போடணும். மத்தவங்க சொல்லி நீ கேக்கக் கூடாதுன்னு நானே வந்தேன்."

அவள் முகம் மாறியது. "மாமியார எங்க ஆன்ட்டி வைக்கறது?"

"தெரியல லா."

"அப்பறம் எதுக்குக் கையெழுத்துப் போடுறீங்க?"

உள்ளேயிருந்து அவள் மாமியார் யாரு, யாரு என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கவிதா என்னைப் போகச் சொல்லவும் இல்லை, கேட்டை மூடவும் இல்லை. நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், அந்த அம்மாளிடம் நான் யார் என்று சொன்னேன். எந்த வீடு, எத்தனை வருடமாக இங்கே இருக்கிறேன் என்பதையும் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

வீட்டுக்கு வந்து கடிதத்தில் கையெழுத்துப் போட்டேன். இன்றோடு பாக் டின் கொடுத்த இரண்டு நாள் தாண்டிவிட்டது. கடிதம் இன்னும் என் கைப்பையில்தான் இருக்கிறது அக்கா. சந்தைக்கும் கோயிலுக்கும் அதோடுதான் போய் வருகிறேன்.

செல்வி